இலை வண்டியில் இறங்கியவர்கள்

அந்த ஞாயிற்றுக்கிழமை காலையில் கமலேஷ் தன் அக்கா வீட்டுக்கு வந்தபோது உள்ளே வரவில்லை. அக்கா சசிகலா வாசலில் நின்று டீ போடட்டுமா என்று கேட்டாள். வண்டியைத் துடைத்துக்கொண்டிருந்த அவள் கணவன் வசந்தகுமாரின் பக்கத்தில் போய் நின்றான்.

"மாமா, இன்னிக்கு வண்டிய எடுக்காதீங்க. ஊட்டுலயே இருந்துக்குங்க."

ஏன் என்று வசந்தகுமார் கேட்டான். கமலேஷ் அக்காவை ஒரு பார்வை பார்த்துவிட்டு, வந்த வழியே தேயிலைச் செடிகளுக்கு நடுவில் இறங்கிப் போய்விட்டான். ஏன் என்று இருவருக்குமே தெரியும்.

வசந்தகுமார் ஓட்டியது இலை வண்டி. சிறு விவசாயிகளிடமிருந்து பச்சை இலையை மூட்டைகளில் ஏற்றிவந்து மேல்சோலை எஸ்டேட் ஃபேக்டரியில் இறக்குவது அவன் தொழில். மூன்று வருடத்துக்கு முன்பு ஆள் கிடைக்காமல் எஸ்டேட்டே காடாகிக் கொண்டிருந்தது. நம் பிள்ளைகள் எல்லாம் திருப்பூருக்கும் கோயமுத்தூருக்கும் போய்விட்டார்கள். மேனேஜர் யாரோ ஏஜெண்டைப் பிடித்து ஜார்க்கண்டிலிருந்து குடும்பம் குடும்பமாக ஆள் வரவழைத்தார். கோயமுத்தூர் ரயில் நிலையத்துக்குப் போய் அவர்களை மலைக்கு ஏற்றிவந்தது வசந்தகுமாரின் வண்டிதான். குன்னூர் தாண்டியதும் குளிரில் பற்கள் அடித்துக்கொள்ள உட்கார்ந்திருந்த அந்தக் கூட்டத்தில் சோம்ராவும் அவன் மனைவி எத்வாரியும் இருந்தார்கள். சசிகலா பழைய ஸ்வெட்டர்களை எல்லாம் கட்டிக் கொடுத்தனுப்பினாள்.

சோம்ரா ஒரு வருடத்தில் தமிழ் பேசக் கற்றுக்கொண்டான். ஃபேக்டரியில் இலை உலர்த்தும் டிரையரில் அவனைப் போட்டார்கள். அங்கே அவனுக்கு வேலை கற்றுக்கொடுத்தவன் கமலேஷ். சூட்டை எப்படி வைப்பது, கருகல் வாடை வந்தால் எதைத் திறப்பது என்று பக்கத்தில் நின்று சொல்லிக்கொடுத்தான். அடுத்த தீபாவளிக்கு போனஸ் தகராறு வந்து நம் ஆட்கள் வேலைநிறுத்தம் செய்தார்கள். ஃபேக்டரி நிற்கவில்லை. கீழ் லைன் என்ற எஸ்டேட் குடியிருப்பில் இருந்த வடக்கத்தி ஆட்களை வைத்து மேனேஜர் ஓட்டிவிட்டார். வேலைநிறுத்தத்தில் முன்னால் நின்ற கமலேஷுக்கு வேலை போயிற்று. அவன் இடத்தில் சோம்ரா நின்றான்.

கமலேஷுக்கு மேனேஜர் மேல் வந்த கோபம் மேனேஜர் பங்களா வரை போய், கேட்டைப் பார்த்துவிட்டுத் திரும்பிவிட்டது. கீழ் லைனுக்குக் கேட் கிடையாது. தவிர அவன் குடும்பம் இலங்கையிலிருந்து கப்பலேறி வந்தது. பள்ளிக்கூடத்தில் அவனைச் சிலோன்காரன் என்றுதான் கூப்பிடுவார்கள். இது என் மண் என்று மற்றவர்களைவிட அவன் இரண்டு பங்கு உரக்கச் சொல்ல வேண்டியிருந்தது.

அந்த நேரத்தில்தான் பேரவை என்று ஒன்று கீழேயிருந்து மலையேறி வந்தது. எங்கோ சமவெளியில் போலி ஆதாருடன் வங்காள எல்லை தாண்டி வந்தவர்கள் பிடிபட்டதாக டிவியில் ஓடிக்கொண்டிருந்தது. பேரவைத் தலைவர் பஜாரில் மேடை போட்டுப் பேசினார். எல்லையில் நுழைந்தவன் இன்று உன் லைனில் படுத்திருக்கிறான், நாளை உன் தொகுதியையே அவன்தான் முடிவு செய்வான், இது கூலிப் பிரச்சினை அல்ல, நாட்டின் பாதுகாப்பு என்றார். போலீஸ் வந்து கீழ் லைனில் எல்லோருடைய அட்டைகளையும் வாங்கிப் பார்த்தது. எல்லோரும் ஜார்க்கண்டுதான், ஒரு குறையும் இல்லை என்று சொல்லிவிட்டுப் போனது. அட்டையை எவன் வேண்டுமானாலும் அடிக்கலாம் என்றான் கமலேஷ். பஜாரில் பலரும் அதையே திருப்பிச் சொன்னார்கள்.

சனிக்கிழமை சாயங்காலம் டாஸ்மாக் வாசலில் தள்ளுமுள்ளு நடந்து, ரமேஷ்குமார் என்ற உள்ளூர்ப் பையனின் மண்டையில் யாரோ பாட்டிலால் அடித்துவிட்டார்கள். அடித்தது யார் என்று அங்கே இருந்தவர்களுக்கே சரியாகத் தெரியவில்லை. மண்டையில் தையல் போட்டுக்கொண்டு அவன் ஆஸ்பத்திரியில் நன்றாகத் தூங்கிக்கொண்டிருந்தபோது, ஊடுருவி வந்தவர்கள் தமிழ் இளைஞனைக் கொன்றுவிட்டார்கள் என்று எல்லோர் போனிலும் செய்தி ஓடியது. கமலேஷ் காலையில் வந்து சொல்லிவிட்டுப் போனது இதன் தொடர்ச்சிதான்.

மதியம் சோறு தின்று கொண்டிருக்கும்போது வசந்தகுமாரின் போன் அடித்தது. சோம்ரா பேசினான். அவன் குரலுக்குப் பின்னால் தகரக்கூரையில் கல் விழும் சத்தம் கேட்டது.

"அண்ணா, வண்டி கொண்டு வாங்கண்ணா. பிள்ளைங்க இருக்குது."

வசந்தகுமார் கையைக் கழுவினான். சசிகலா வாசலை மறித்து நின்றாள். தம்பி சொன்னதை நினைவுபடுத்தினாள். போலீஸுக்குச் சொல்லுங்கள், அதோடு விடுங்கள் என்றாள். அவன் போலீஸுக்கும் போன் செய்தான். வருகிறோம் என்றார்கள். அவர்கள் குன்னூரிலிருந்து மழையில் ஏறி வர வேண்டும். அவன் மனைவியின் தோளைத் தொட்டு மெதுவாக விலக்கிவிட்டு வண்டியை எடுத்தான்.

மேல் வழியாகப் போனதால் அவனை யாரும் மறிக்கவில்லை. கீழ் லைனில் ஓரமாக அடுக்கியிருந்த விறகுக்கு யாரோ தீ வைத்துவிட்டுப் போயிருந்தார்கள். ஈர விறகு புகைந்து, மஞ்சோடு கலந்து, எதிரே நிற்கிற ஆள் தெரியவில்லை. ஒரு கிழவரின் நெற்றி கிழிந்து ரத்தம் கண்ணில் ஒழுகிக்கொண்டிருந்தது. கல் எறிந்தவர்கள் இன்னும் ஆள் கூட்டிவரப் போயிருக்கிறார்கள் என்று சோம்ரா சொன்னான். இருபது பேருக்கு மேல் இருந்தார்கள். பெண்களையும் குழந்தைகளையும் அடியில் படுக்கவைத்து, தார்ப்பாயை இழுத்து மூடி, மேலே காலி இலைச் சாக்குகளைப் பரப்பினார்கள். சோம்ரா முன்னால் ஏறிக்கொண்டான்.

மலையை விட்டு இறங்க எஸ்டேட் ரோடு ஒன்றுதான் வழி; அது ஒரு வண்டி போகிற அகலம்தான். ஒரு பக்கம் மேடு, மறுபக்கம் சரிவு. மெயின் ரோட்டுக்குக் கொஞ்சம் முன்னால், வளைவில் ஒரு கற்பூரத் தைல மரம் குறுக்கே விழுந்து கிடந்தது. மழைக்குச் சாய்ந்திருக்கும் என்றுதான் வசந்தகுமாரும் நினைத்தான். பிரேக் போட்டதும் சோம்ரா குதித்து ஓடி, மெலிந்த நுனிப் பக்கம் தோளைக் கொடுத்துத் தள்ளினான். மரம் கொஞ்சம் கொஞ்சமாகத் திரும்பி வழி விட்டது. வண்டி நுழைய இடம் கிடைத்த நேரத்தில், மேட்டுப் பக்கத்துத் தேயிலைச் செடிகளுக்குள்ளிருந்து ஆட்கள் எழுந்தார்கள்.

கையில் தேயிலைச் செடி வெட்டும் கவ்வாத்துக் கத்தி வைத்திருந்தவர்களில் பாதிப் பேரை வசந்தகுமாருக்குத் தெரியும். அவர்களோடு சபரிமலைக்குப் போயிருக்கிறான். முதல் அடி சோம்ராவின் முதுகில் விழுந்தது. அவன் மண்டியிட்டுத் திரும்பிப் பார்த்தான். இரும்புத் தடியோடு எதிரே நின்றவனை அடையாளம் கண்டுகொண்டதும் அவன் முகத்தில் பயம்கூடக் கொஞ்சம் குறைந்தது.

"கமலேஷண்ணா, நான் சோம்ரா."

"தெரியும்டா" என்றான் கமலேஷ். தடியை இரண்டு கையாலும் ஓங்கி இறக்கினான். வசந்தகுமார் கதவைத் திறந்து இறங்கப் போனான். யாரோ கதவை வெளியிலிருந்து உதைத்து மூடினார்கள். அவன் கை விரல்கள் நசுங்கின. தடி மறுபடியும் இறங்கியது. பிறகு கத்தி வைத்திருந்தவர்களில் இரண்டு பேர், செடியை வெட்டுகிற மாதிரியே, குனிந்து குனிந்து வெட்டினார்கள். சோம்ரா சத்தம் போடவில்லை. போட்டிருந்தாலும் கேட்டிருக்காது. வண்டிக்குள்ளிருந்து எத்வாரி அலறிக்கொண்டிருந்தாள்.

அலறல் கேட்டதும்தான் மற்றவர்கள் வண்டியைப் பார்த்தார்கள். ஒருவன் சக்கரத்தில் கால் வைத்து ஏறித் தார்ப்பாயைக் கத்தியால் கிழித்தான். உள்ளேயிருந்து நீண்ட ஒரு கை கத்தியைப் பிடித்துத் தடுத்தது. அது ஒரு பதினைந்து வயதுப் பெண்ணின் கை என்று பின்னால்தான் தெரிந்தது. அதில் இரண்டு விரல்கள் போயின. வசந்தகுமார் கண்ணாடியில் இதைப் பார்த்தான். இன்னொருவன் பின்பக்கக் கதவின் கொக்கியைத் தட்டிக்கொண்டிருந்ததையும் பார்த்தான்.

கமலேஷ் வண்டிக்கு முன்னால் வந்து நின்று, பானெட்டின் மேல் கை வைத்தான். மூச்சு வாங்கியது. முகமெல்லாம் ரத்தத் துளி.

"எறங்குங்க மாமா. உங்கள ஒண்ணும் பண்ணமாட்டோம். அக்காவுக்கு வாக்குக் குடுத்திருக்கேன்."

தன்மேல் மாமா வண்டி ஏற்றமாட்டார் என்று அவன் நம்பி நின்றான். அந்த நம்பிக்கை அவன் முகத்தில் அப்படியே தெரிந்தது. வசந்தகுமார் அதைப் பார்த்தான். பார்த்துக்கொண்டே கியரைப் போட்டான். வண்டி கமலேஷைத் தள்ளிக்கொண்டு போய் மரத்தோடு சேர்த்து அழுத்தியது. எலும்பு உடையும் சத்தம் இன்ஜின் சத்தத்தைத் தாண்டிக் கேட்டது. சக்கரத்தில் நின்றவன் சரிவில் போய் விழுந்தான். வண்டி மரத்தின் நுனிமேல் ஒரு முறை ஏறி இறங்கி வளைவைத் தாண்டிவிட்டது.

எத்வாரி கேபின் கூரையைத் தட்டிக்கொண்டே வந்தாள். நிறுத்து, நிறுத்து என்று தமிழிலும் அவள் மொழியிலும் கத்தினாள். மலை பாதி இறங்கி பர்லியாறு வரும் வரை தட்டினாள். வசந்தகுமார் நிறுத்தவில்லை.

அடிவாரத்துச் செக்போஸ்ட்டில் போலீஸ் வண்டியை நிறுத்தி எல்லோரையும் இறக்கியது. விரல் போன பெண்ணுக்குத் துணி சுற்றிக்கொண்டிருக்கும்போதே ஒருவர் எல்லோருடைய அட்டையையும் எடுக்கச் சொன்னார். பாதிப் பேருடையது, அதற்குள் தீ பரவிவிட்ட கீழ் லைன் வீடுகளில் எரிந்துகொண்டிருந்தது.

அன்று சாயங்காலமே வசந்தகுமாரைக் கைது செய்தார்கள். கோயமுத்தூர் ஆஸ்பத்திரியில் கமலேஷின் இடது காலைத் தொடைக்குக் கீழே எடுத்துவிட்டார்கள். பேரவைத் தலைவர் அவன் கட்டிலருகே நின்று பொன்னாடை போர்த்தினார். மண் காக்கக் கால் கொடுத்தவன் என்று பஜார் முழுக்க போஸ்டர் ஒட்டினார்கள். மரத்தடியில் கிடந்த சோம்ராவின் உடலைப் போலீஸ் எடுத்துப்போன செய்தி பேப்பரில் உள்பக்கத்தில் வந்தது.

வசந்தகுமாரை விசாரிக்க வெளியூரிலிருந்து ஓர் அதிகாரி வந்தார். மரியாதையாகத்தான் பேசினார். சோம்ரா வங்காள மொழி பேசுவானா, வெளிநாட்டிலிருந்து அவனுக்கு போன் வருமா, ஏஜெண்டு யார் யாரை எங்கிருந்து கூட்டிவந்தான் என்று துருவித் துருவிக் கேட்டார். வசந்தகுமார் தெரிந்ததை எல்லாம் சொன்னான். கடைசியில் அவனால் பொறுக்க முடியவில்லை.

"அவன யாரு அடிச்சாங்கன்னு நீங்க கேக்கவே இல்லீங்களே சார்."

"அதுக்கு வேற ஆள் வருவாங்க" என்றார் அதிகாரி.

வேறு ஆள் வந்து கேட்டபோது கமலேஷின் பெயரைச் சொன்னான். வழக்குப் பதிவானது. ஆனால் ஜார்க்கண்ட் ஆட்கள் எல்லோரும் ஊருக்கு ரயிலேறிவிட்டார்கள். பார்த்தவன் என்று ஊரில் மிஞ்சியது அவன் ஒருவன்தான். ஜாமீனில் வீட்டுக்கு வந்த வாரமே பேரவைப் பொருளாளர் நல்லசாமி ஒரு வக்கீலோடு வந்தார். மஞ்சில் யார் அடித்தார்கள் என்று தெரியவில்லை என்று வசந்தகுமார் கோர்ட்டில் சொல்ல வேண்டும். வண்டி ஈர ரோட்டில் வழுக்கிவிட்டது என்று கமலேஷ் சொல்வான். இரண்டு பேரும் வெளியே வந்துவிடலாம். இரண்டும் ஒரே குடும்பம்தானே என்றார். யோசித்துச் சொல்கிறேன் என்று வசந்தகுமார் அனுப்பி வைத்தான்.

சசிகலா கதவைச் சாத்திவிட்டு வந்து அவன் எதிரில் உட்கார்ந்தாள். அவள் அழவில்லை.

"ஏனுங்க, அவனுக்குக் காலே போயிருச்சு. அது பத்தாதுங்களா?"

"அது நான் எடுத்த காலு. சோம்ராவுக்கு அது ஆகாது."

"நான் தூக்கி வளத்த புள்ளைங்க அவன்."

"எனக்குத் தெரியாதா?"

பிறகு, அவன் தப்பு செய்தான், அதை நான் மறைக்கவில்லை, ஆனால் உங்கள் வாயால் அவன் உள்ளே போனால் இந்த வீட்டில் என்னால் சோறாக்க முடியாது என்றாள். மிரட்டலாகச் சொல்லவில்லை. உடம்புக்கு முடியவில்லை என்று சொல்கிற மாதிரி சொன்னாள். சாட்சி சொல்லும் நாள் வருவதற்கு முன்பே மகள் ஜீவிதாவை அழைத்துக்கொண்டு ஊட்டி காந்தலில் இருக்கும் சித்தி வீட்டுக்குப் போய்விட்டாள்.

வழக்கு இரண்டு வருடத்துக்குப் பக்கமாக இழுத்தது. அதற்குள் தேர்தல் வந்துபோனது. கீழ் லைனுக்கு வெள்ளை அடித்து, ஒடிசாவிலிருந்து வந்த குடும்பங்களைக் குடிவைத்தார்கள். பேரவைக்காரர்களில் ஒருவரே அவர்களுக்கு ஏஜெண்டாக இருந்தார்.

ஊட்டி கோர்ட்டில் வசந்தகுமார் கூண்டில் ஏறி எல்லாவற்றையும் சொன்னான். தடி வைத்திருந்தது கமலேஷ். வெட்டிய இரண்டு பேரின் பெயரையும் சொன்னான். எதிர்த்தரப்பு வக்கீல், மஞ்சில் உனக்கு எப்படித் தெரிந்தது, எதிரே நின்ற மச்சானே தெரியாமல்தானே வண்டியை ஏற்றினாய் என்று மடக்கினார். ஆமாம் என்று சொன்னால் அவன் மேல் உள்ள வழக்கு லேசாகிவிடும். ஆனால் அவன் சாட்சி உடைந்துவிடும். "தெரிஞ்சுதாங்க ஏத்துனேன். மொகத்தப் பாத்துட்டே ஏத்துனேன்" என்றான். கமலேஷ் கட்டைகளை ஊன்றி நின்றபடி அவனைப் பார்த்துக்கொண்டிருந்தான். வெளி வராந்தாவில் சசிகலா தம்பிக்குத் தண்ணீர் பாட்டிலோடு காத்திருந்தாள்.

மறுநாள் எத்வாரி சாட்சி சொன்னாள். ஜார்க்கண்டிலிருந்து தன் தம்பியோடு வந்திருந்தாள். மொழிபெயர்க்க ஆள் போட்டிருந்தார்கள். சாட்சி முடிந்து வெளியே வந்தவள் வசந்தகுமாரைக் கண்டு நின்றாள். அவன் கும்பிட்டான். பிள்ளைகள் எப்படி இருக்கிறார்கள் என்று கேட்டான். படிக்கிறார்கள் என்றாள். அவளுக்குத் தமிழ் பாதி மறந்திருந்தது. ஒவ்வொரு சொல்லாகத் தேடித்தான் பேசினாள்.

"நீ ஏன் நிக்கல அண்ணா?"

"புள்ளைங்க இருந்துச்சும்மா. நின்னா அத்தன பேரையும் வெட்டியிருப்பாங்க. அவன் அதுக்குள்ள செத்துட்டான்."

எத்வாரி தலையை ஆட்டினாள்.

"இல்ல. தார்ப்பாய் கிழிஞ்ச எடத்துல நான் பாத்தேன். வண்டி போறப்போ அவரு கை தூக்கினாரு."

வசந்தகுமார் வராந்தாச் சுவரைப் பிடித்துக்கொண்டான். போ என்று கையைத் தூக்கினானா, நில் என்று தூக்கினானா என்று அவளிடம் கேட்க வாயெடுத்தான், கேட்கவில்லை. அவளுக்கும் தெரிந்திருக்காது. அவள் தம்பி பஸ்ஸுக்கு நேரமாகிறது என்று கூப்பிட்டான். அவள் முந்தானையைத் தலைக்கு மேல் இழுத்துக்கொண்டு படியிறங்கிப் போனாள்.

கமலேஷுக்கும் மற்ற இருவருக்கும் ஆயுள் தண்டனை கிடைத்தது. வசந்தகுமாரின் வழக்கில், உயிருக்குப் பயந்து செய்தது என்று சொல்லி ஆண்டுகளைக் குறைத்து, மூன்று வருடம் கொடுத்தார்கள். இது மேல்கோர்ட்டில் நிற்காது, ஒரே மாதத்தில் வெளியே எடுத்துவிடலாம் என்று அவனுடைய வக்கீல் காகிதங்களை நீட்டினார்.

"வேண்டாங்க. அவன் கையத் தூக்கியிருக்கான்" என்றான். வக்கீல் அவனைப் பைத்தியக்காரன் என்று திட்டினார். போலீஸ் வேன் வந்து நின்றது. வசந்தகுமார் போய் ஏறிக்கொண்டான்.