இரண்டாவது அலறல்

தண்ணீர் நிரம்பிய கண்ணாடி தம்ளரின் வாயில் ஓர் அட்டையை வைத்து, உள்ளங்கையால் அழுத்திக்கொண்டு, தலைகீழாகக் கவிழ்த்து, முன்வரிசைப் பிள்ளைகளின் தலைக்கு மேலே நீட்டினாள் சயின்ஸ் டீச்சர். "கைய எடுக்கட்டுமா?" என்றாள். பி பிரிவு முழுக்க அலறியது. முன்வரிசைக்காரர்கள் தலையைக் கைகளால் மூடிக்கொண்டு பின்னாலிருந்த பெஞ்சின்மேல் சாய்ந்தார்கள். அவள் கையை எடுத்தாள். அட்டை விழவில்லை. கீழேயிருந்து காற்று அட்டையைத் தாங்குகிறது என்று விளக்கி முடிப்பதற்கும் மணி அடிப்பதற்கும் சரியாக இருந்தது. இந்த அலறலுக்காகவே அவள் வாத்தியார் வேலைக்கு வந்தாள் என்றுகூடச் சொல்லலாம். இன்று அது காதில் விழுந்தது, அவ்வளவுதான். உள்ளே இறங்கவில்லை.

கொஞ்ச நாளாகவே எதுவும் உள்ளே இறங்கவில்லை. வரலாறு டீச்சர் பிரசவ விடுப்பில் போனதும் அவளுடைய வகுப்புகளெல்லாம் இவள் தலையில் வந்து விழுந்திருந்தன. "உங்கள விட்டா யாரு இருக்கா டீச்சர்" என்று தலைமையாசிரியை சொல்லும்போது ஒரு பெருமை வரும். அந்தப் பாழாய்ப்போன பெருமையில் தலை தானாக ஆடிவிடும். வீட்டில் விடைத்தாள் கட்டு சோபாவில் ஓர் ஆள் இடத்தைப் பிடித்துக்கொண்டிருந்தது. கணவன் அதன் பக்கத்தில் ஒண்டிக்கொண்டு உட்காருவான். ஒருநாள் சாப்பிடும்போது பேசிக்கொண்டிருந்த அவனையும் மகளையும் பார்த்து, "கடைசி பெஞ்ச், அங்க என்ன சத்தம்?" என்று அதட்டிவிட்டாள். மகள் விழுந்து விழுந்து சிரித்தாள். கணவன் சிரிக்கவில்லை. நாலு நாள் லீவு போடேன் என்றான். லீவு போட்டால் திரும்பி வந்து அந்தப் பாடத்தையும் சேர்த்து யார் ஓட்டுவது என்று அவன்மேல் எரிந்து விழுந்தாள்.

அடுத்த பீரியட் ஏ பிரிவு. நேற்றுக் கவிழ்த்த தம்ளரில் அட்டை ஏன் விழவில்லை, யார் சொல்வீர்கள் என்று கேட்டாள். பிள்ளைகள் திருதிருவென்று விழித்தார்கள். எந்த தம்ளர், எங்களுக்கு இன்னும் செய்து காட்டவே இல்லையே என்றார்கள்.

அவளுக்குப் புரிய ஒரு நிமிடம் பிடித்தது. நேற்று செய்து காட்டியது பி பிரிவுக்கு. இன்று செய்து காட்டியதும் அதே பி பிரிவுக்குத்தான். அதே தம்ளர், அதே கேள்வி, அதே வாக்கியங்கள். அப்படியென்றால் அந்த அலறல்?

ஆசிரியர் அறையில் அவள் இதைச் சொன்னதும் டிராயிங் டீச்சருக்கு டீ புரையேறிவிட்டது. பசங்களை ஆண்டுவிழா நாடகத்தில் சேர்த்துவிடலாம் என்றாள். இவளும் சேர்ந்து சிரித்தாள். சிரித்து ஓய்ந்த பிறகு டிராயிங் டீச்சர் சாதாரணமாகத்தான் கேட்டாள், "ஒருத்தர்கூடவா சொல்லல?"

அதுதான் உறுத்தியது. பி பிரிவில் வாயாடி என்று ஒரு பெண் உண்டு. கரும்பலகையில் ஒரு புள்ளி விட்டுப்போனாலும் எழுந்து நின்றுவிடுவாள். அந்தப் பட்டப்பெயரை வைத்ததே இவள்தான், செல்லமாக. அவளுமா தலையை மூடிக்கொண்டு அலறினாள்?

மதியம் வாயாடியை வராந்தாவுக்குக் கூப்பிட்டாள். நேற்று நடத்தியதையே இன்றும் நடத்தினேனே, ஏன் சொல்லவில்லை என்று கேட்டாள். அந்தப் பெண் தன் செருப்பைப் பார்த்துக்கொண்டு நின்றாள்.

"சும்மா சொல்லும்மா, நான் ஒண்ணும் சொல்ல மாட்டேன்."

"சொன்னா கத்துவீங்க டீச்சர்."

"நானா?"

"அன்னிக்கு நான் ஒரு டவுட் கேட்டேன்ல? அப்ப நீயே வந்து நடத்துன்னு சாக்பீஸ என் கையில குடுத்துட்டீங்க. பெல் அடிக்கிற வரைக்கும் போர்டு முன்னாடியே நின்னுட்டிருந்தேன்." அவள் குரலில் புகார் இல்லை. "அதுக்கப்புறம் நாங்க பேசி வெச்சுக்கிட்டோம் டீச்சர். உங்க மூஞ்சி எப்படி இருக்குன்னு பாத்துட்டுதான் வாயத் தொறக்கணும்னு."

எவ்வளவு யோசித்தும் அந்த நாள் நினைவுக்கு வரவில்லை. ஒரு பிள்ளையைக் கையில் சாக்பீஸோடு நிற்க வைத்திருக்கிறாள், அது மனதில் பதியக்கூட இல்லை. டீச்சர் படித்த காலத்தில் இப்படி ஒரு வாத்தியார் இருந்தார். அவர் வாசலில் வரும்போதே முகத்தைப் பார்த்து இன்று மழையா வெயிலா என்று கணிப்பார்கள். அவரைப் போல் ஆகிவிடக் கூடாது என்பதைத் தவிர அவளுக்குப் பெரிய லட்சியம் எதுவும் இருந்ததில்லை. நன்றாக வலித்தது. வகுப்புக்குப் போகச் சொல்லி அந்தப் பெண்ணை அனுப்பிவிட்டாள்.

மாலையில் தலைமையாசிரியை கூப்பிட்டனுப்பினார். சனிக்கிழமை சிறப்பு வகுப்பையும் நீங்களே பார்த்துக்கொள்ளுங்கள் என்று சொல்லிக்கொண்டே, தலை ஆடும் என்ற நம்பிக்கையில் அடுத்த காகிதத்தை எடுத்துவிட்டார்.

"முடியாது மேடம்."

தலைமையாசிரியை மூக்குக்கண்ணாடியைக் கழற்றினார். "உடம்பு ஏதாவது சரியில்லையா?"

"உடம்புக்கு ஒண்ணுமில்ல. பசங்க என்னப் பாத்து பயப்படுறாங்க." "வரலாறு வகுப்பையும் வேற யாருக்காவது குடுங்க மேடம். என்னால நல்லா நடத்த முடியல."

பார்க்கலாம் என்றார் தலைமையாசிரியை. அந்தப் பார்க்கலாமுக்கு என்ன அர்த்தம் என்று அந்தப் பள்ளியில் யாருக்கும் இதுவரை தெரிந்ததில்லை. ஆனாலும் படியிறங்கும்போது கால் லேசாக இருந்தது.

மறுநாள் பி பிரிவுக்குள் தம்ளரோடு நுழைந்தபோதுதான் முதல்முறையாகக் கவனித்தாள். எல்லாக் கண்களும் அவள் முகத்தில் இருந்தன. தம்ளரைக் கண்டதும் முன்வரிசை, பாவம், அலறுவதற்குத் தயாரானது. அவள் நாற்காலியை இழுத்து மேசைக்கு முன்னால் போட்டு, வகுப்பைப் பார்த்து உட்கார்ந்தாள். பாட்டிலிலிருந்து தம்ளரில் தண்ணீர் ஊற்றினாள். வாயாடியைக் கூப்பிட்டு தம்ளரையும் அட்டையையும் அவள் கையில் கொடுத்தாள்.

"இன்னிக்கு என் தலைக்கு மேல கவுத்துப் புடி."

வாயாடி தம்ளரைப் பார்த்தாள், டீச்சரின் முகத்தைப் பார்த்தாள், மறுபடி தம்ளரைப் பார்த்தாள்.

"டீச்சர், தண்ணி கொறைவா இருக்கு. விளிம்பு வரைக்கும் ஊத்தணும்னு நீங்கதான் சொன்னீங்க." கொஞ்சம் நிறுத்தி, மெதுவாகச் சேர்த்தாள். "ரெண்டு தடவ சொன்னீங்க."

பின்பெஞ்சில் யாரோ சிரிப்பை அடக்கிக்கொள்வது கேட்டது. டீச்சர் பாட்டிலை எடுத்து வாயாடியிடம் நீட்டினாள். அந்தப் பெண் நாக்கின் நுனியைக் கடித்துக்கொண்டு, தண்ணீர் விளிம்புக்கு மேல் லேசாக உப்பி நிற்கும்வரை ஊற்றினாள். அட்டையை வைத்து அழுத்தினாள். பிள்ளைகள் ஒவ்வொருவராக எழுந்து நின்றார்கள். தம்ளர் தலைக்கு மேலே கவிழ்ந்தது. டீச்சர் கண்களை மூடிக்கொண்டாள்.

"கைய எடுக்கட்டுமா?" என்று மேலேயிருந்து குரல் வந்தது.