முன்மொழிந்தவர்

“இந்தக் கையெழுத்து செல்லாதும்மா” என்று கவுண்டருக்குப் பின்னால் இருந்த அம்மாள் சொன்னதும் எனக்குச் சிரிப்புதான் வந்தது. கவுன்சிலர் தேர்தலுக்கான என் வேட்பு மனுவில், முன்மொழிபவர் என்ற கட்டத்தில் இருந்தது என் வீட்டுக்காரரின் கையெழுத்து. இருபத்து மூன்று வருஷமாக நான் பார்க்கிற கையெழுத்து. பள்ளிக்கூடத்துப் பிள்ளை மாதிரி ஒவ்வொரு எழுத்தையும் பிரித்துப் பிரித்துப் போடுவார். “என் கண்ணு முன்னாடி போட்டதுங்க. காலையில டீ குடிச்சுக்கிட்டே போட்டாரு” என்றேன். அந்த அம்மாள் மூக்குக் கண்ணாடியைக் கீழே இறக்கி என்னை ஒரு பார்வை பார்த்தார். கெட்ட சேதியை எப்படி ஆரம்பிப்பது என்று தெரியாதவர்கள் பார்க்கிற பார்வை. பிறகு பக்கத்துக் கட்டிலிருந்து ஒரு மனுவை உருவி என் பக்கமாகத் திருப்பி வைத்தார். பதினான்காவது வார்டு. வேட்பாளர் என்ற இடத்தில் சிமெண்ட்டின் பெயர். முன்மொழிபவர் கட்டத்தில் அதே பிரித்துப் பிரித்துப் போட்ட எழுத்துகள், திங்கட்கிழமை தேதியோடு.

சிமெண்ட் என்பது காண்ட்ராக்டர். அவர் கட்டுகிற சாக்கடையில் எது இருக்காதோ அதையே அவருக்குப் பேராக வைத்துவிட்டார்கள் எங்கள் வார்டுக்காரர்கள். மூன்றாவது தெருச் சாக்கடையை முடித்துவிட்டேன் என்று அவர் வந்து நின்றபோது, நான் நேரே போய்க் குடைக் கம்பியால் சுவரில் ஒரு குத்து குத்தினேன். கம்பி பாதி உள்ளே போய்விட்டது. பதினோரு வருஷம் முனைக் கிளினிக்கில் ஊசி போட்ட கை இது, எது எவ்வளவு இறங்கும் என்று எனக்குத் தெரியாதா? வார்டு கவுன்சிலர் என்ற முறையில், வேலை முடிந்தது என்று எழுதித் தர மாட்டேன் என்றேன். “அடுத்த தடவை அந்த நாற்காலியில யார் உக்கார்றாங்கன்னு பாக்கலாம் ஊசியக்கா” என்று சிரித்துக்கொண்டே சொல்லிவிட்டுப் போனார். போஸ்டரைக் கிழிப்பார், ஆள் வைத்துக் கூச்சல் போடுவார், என்னைப் பற்றிக் கண்டதையும் பேசுவார் என்றெல்லாம் எதிர்பார்த்திருந்தேன். ஆனால் அந்த ஆள் என் வீட்டுக்குள்ளேயே புகுந்து கையெழுத்து வாங்குவார் என்று கனவிலும் நினைக்கவில்லை.

“ஒரு வாக்காளர் ஒருத்தரைத்தான் முன்மொழியலாம். முதல்ல வந்த மனுதான் நிக்கும்” என்றார் கவுண்டர் அம்மாள். குரலில் கொஞ்சம் இரக்கம் இருந்தது. அந்த இரக்கத்தைத்தான் என்னால் பொறுக்க முடியவில்லை. “இன்னிக்குத்தான் கடைசி நாள், மூணு மணி வரைக்கும் டைம் இருக்கு. உங்க வார்டுல ஓட்டு இருக்கிற வேற யார்கிட்டயாவது வாங்கிட்டு வாங்க. நீங்களே உங்களை முன்மொழிய முடியாது, மறந்துறாதீங்க.” புது மனு ஒன்றைக் கொடுத்தார். கடிகாரத்தில் ஒன்று இருபத்தைந்து. பக்கத்தில் நின்ற ஒருவன் தன் மனுவைப் படிப்பது போல எல்லாவற்றையும் கேட்டுக்கொண்டிருந்தான். படுபாவி, அவன் உதட்டோரம் துடித்ததை நான் பார்த்தேன்.

நேற்றே வந்து மனுவைக் கொடுத்திருக்கலாம்தான். நேற்று இரண்டாவது தெருவில் குழாய் வெடித்துவிட்டது. முந்தாநாள் நாய் பிடிக்கிற வண்டி வந்தது. எல்லாரையும் கவனித்துவிட்டுக் கடைசியில் என் காரியத்துக்கு வந்தேன், அதற்குக் கிடைத்த மரியாதை இது. என் வீட்டுக்காரர் கடைக்குப் பஸ்ஸில் இரண்டு நிறுத்தம் போவதற்குள் எனக்கு நானே நூறு சமாதானம் சொல்லிக்கொண்டேன். அவரை ஏமாற்றியிருப்பார்கள். தெருவிளக்குக்கான மனு என்று சொல்லியிருப்பார்கள். என் வீட்டுக்காரர் யார் எதை நீட்டினாலும் “சரிங்க” என்று வாங்கிக்கொள்கிற மனுஷன். கடைக்கு வருகிறவர்கள் அவரை “சரிங்க” என்றே கூப்பிடுகிறார்கள், அதற்கும் “சரிங்க” என்கிறார். அந்த வாயில்லாப் பூச்சியை மிரட்டிக் கையெழுத்து வாங்கிய சிமெண்ட்டை என்ன செய்யலாம் என்றுதான் வழியெல்லாம் யோசித்தேன்.

அவருக்கு மோட்டார் காயில் கட்டுகிற கடை. எரிந்துபோன மோட்டார், மின்விசிறி எது வந்தாலும் பழைய கம்பியை உருவிவிட்டுப் புதுச் செம்புக் கம்பி சுற்றித் தருவார். நான் உள்ளே போனபோது கைப்பிடியைச் சுழற்றிச் சுற்றிக்கொண்டிருந்தார். வார்னிஷ் வாடை தலையைக் கிறுகிறுக்க வைத்தது. நான் வாயைத் திறந்ததும் இடது கையால் ஒற்றை விரலைக் காட்டினார். சுற்றும்போது எண்ணிக்கை தவறக்கூடாது. தவறினால் முதலிலிருந்து சுற்ற வேண்டும். “நூத்தி பதிமூணு, நூத்தி பதினாலு” என்று உதடு முணுமுணுத்தது. நான் நின்றேன். இந்த ஐந்து வருஷத்தில் இன்ஜினியர், கமிஷனர், தண்ணீர் அதிகாரி என்று எத்தனை பேர் அறை வாசலில் நின்றிருக்கிறேன்! இப்போது கட்டின புருஷன் கடையிலும் நிற்க வேண்டியதாகிவிட்டது. நூற்றெண்பதில் நிறுத்தி, கம்பியை நறுக்கி, நுனியை நூலால் கட்டிவிட்டு நிமிர்ந்தார். முகத்தில் ஆச்சரியமே இல்லை.

“சிமெண்ட் உங்களை மிரட்டினாரா?” என்றேன்.

“இல்லையே. ஒரு மோட்டாரைக் கொண்டாந்தாரு. அப்படியே கேட்டாரு, போட்டேன்.”

“என்னன்னு படிச்சுப் பாக்காம போட்டீங்களா?”

“படிச்சேன்.”

“அப்புறம் இன்னிக்குக் காலையில என் மனுவுல எதுக்குங்க போட்டீங்க? செல்லாதுன்னு தெரியுமா தெரியாதா?”

“தெரியும். போன தடவையே அந்தம்மா நமக்குப் படிச்சுக் காட்டினாங்களே. ஒருத்தர் ஒருத்தருக்குத்தான்.”

எனக்கு வந்த ஆத்திரத்துக்கு அந்தச் செம்புச் சுருளைத் தூக்கித் தெருவில் எறிந்திருப்பேன். காலையில் இவர் பேனாவை வாங்கிய விதம் கண் முன்னால் வந்தது. மேசையில் சிந்தியிருந்த டீயைத் துணியால் துடைத்துவிட்டு, மனுவை நேராக வைத்து, பொறுமையாகக் கையெழுத்துப் போட்டு, மூடியைத் திருகிப் பேனாவைத் திருப்பித் தந்தார். “நல்லபடியா குடுத்துட்டு வா” என்று வேறு சொன்னார். சே, என்ன மனுஷன்! முகத்துக்கு நேரே சண்டை போட்டிருந்தால் நானும் பதிலுக்கு நாலு கொடுத்திருப்பேன். ஊரே என்னைத் திட்டியிருக்கிறது, எனக்குப் பழக்கம்தான். ஆனால் இந்த அமைதி இருக்கிறதே, இதற்கு எதைக் கொண்டு அடிப்பது என்று எனக்குத் தெரியவில்லை.

“ஏன்?” என்றேன். கத்தவில்லை. கத்த வரவில்லை.

அவர் விரலில் ஒட்டிய வார்னிஷைச் சுரண்டினார். “கல்லு அடைச்சு நான் ஆஸ்பத்திரில கிடந்தப்போ, நீ என் கட்டில் காலடியில உக்காந்து மனு வாங்கின” என்றார். “நாலு பேரு வந்தாங்க. ஒருத்தர் என் பிளாஸ்க்கை நகத்தி வெச்சிட்டு அந்த இடத்துல காகிதத்தை விரிச்சாரு. நான் தண்ணி வேணும்னு கேட்டேன். நீ இப்படி விரலைக் காட்டின.”

இல்லை என்று சொல்ல வாயெடுத்தேன். ஆனால் நாலு பேர் வந்தது உண்மை. அதில் ஒன்று பள்ளிக்கூட வாசலில் வேகத்தடை. பத்தே நாளில் போட்டுக் கொடுத்தேன். விரலைக் காட்டினேனா? காட்டியிருப்பேன். ஆனாலும் அதற்காக? ஒரு பிளாஸ்க்குக்காக? அந்த ஆள் வந்து உட்கார்ந்தால் மூன்றாவது தெரு வீடுகளுக்குள் சாக்கடை வரும் என்று இவருக்குத் தெரியும். தெரிந்தே போட்டிருக்கிறார். “நீங்க பண்ணினது துரோகம்ங்க” என்று சொல்லிவிட்டு வெளியே வந்தேன். “சரி” என்றார் பின்னாலிருந்து.

இரண்டு ஐந்து. எனக்குக் கட்சி கிடையாது. என்னோடு சுற்றுகிற இரண்டு பேருக்கும் ஓட்டு பக்கத்து வார்டில். மகள் வெளியூரில் வேலை பார்க்கிறாள், அவள் ஓட்டும் அங்கேதான். வேலைக்குப் போகிறவர்கள் போய்விட்ட நேரம். போனில் கூப்பிட்ட ஏழு பேரில் ஐந்து பேர் எடுக்கவில்லை, இரண்டு பேர் எடுத்து, கேட்டுவிட்டு, “சிக்னல் சரியில்லக்கா” என்றார்கள். இஸ்திரிக் கடைக்காரரிடம் போனேன். அவர் கடையைக் காலி செய்ய வந்தவர்களை நடுத்தெருவில் நிறுத்திக் கேள்வி கேட்டவள் நான். அவர் பெட்டியை ஓரமாக வைத்துவிட்டுத் தலையைச் சொறிந்தார். “உங்களுக்கில்லாத கையெழுத்தாக்கா? ஆனா கடை இப்ப சிமெண்ட் அண்ணன் வாங்கின எடத்துல இருக்கு.” மருந்துக் கடைக்காரர் என் கையில் இருந்த காகிதத்தைப் பார்த்ததுமே உள்ளே மாத்திரை தேடப் போய்விட்டார். நான் நகரவில்லை என்றதும் திரும்பி வந்தார். “தப்பா எடுத்துக்காதீங்கக்கா. காலையிலேருந்து தெரு முழுக்க இதே பேச்சுதான். உங்க வீட்டுக்காரரே அந்தப் பக்கம் போட்டுட்டாராம். வீட்டுல இருக்கிறவருக்கே உங்க மேல நம்பிக்கை இல்லைன்னா, நான் யாருக்கா உங்களுக்குப் போட?”

அந்தக் கடையில் நாலு பேர் நின்றிருந்தார்கள். நாலு பேருக்கும் நான் ஊசி போட்டிருக்கிறேன். ஒருத்தரும் என் முகத்தைப் பார்க்கவில்லை. இவர்களுக்காகவா அலைந்தேன் என்று கேட்கத் தோன்றியது, கேட்டுவிட்டேன், சத்தமாகவே. “அஞ்சு வருஷமா உங்க வீட்டுக் குப்பை, உங்க வீட்டுத் தண்ணி, உங்க வீட்டு நாய். ஒரு கையெழுத்து, ஒரே ஒரு கையெழுத்து கேட்டா உங்களுக்கெல்லாம் கை மரத்துப் போகுதா?” ஒரு கிழவர் மட்டும் மெல்ல, “நீங்க ஒண்ணும் சும்மா செய்யலியேம்மா, அதுதானே உங்க வேலை” என்றார். வெளியே வெயிலில் வந்து நின்றபோது மணி இரண்டு முப்பத்தைந்து. மனு என் வியர்வையில் ஓரம் நைந்திருந்தது.

“கவுன்சிலரம்மா, நில்லுங்க!” என்று ஒரு பெண் எதிர்ச்சாரியிலிருந்து ஓடி வந்தாள். யாரென்று தெரியவில்லை. கையில் ஒரு பிளாஸ்டிக் பாட்டில், உள்ளே காவி நிறத்தில் தண்ணீர். “இதை மொதல்ல மோந்து பாருங்க. நாலு நாளா இதுதான் வருது. மூணு தடவை உங்க வீட்டுக்கு வந்தாச்சு. ஓட்டு கேக்க மட்டும் வருவீங்க, ஆளைத் தேடினா அட்ரஸே கெடைக்காது. சின்னப் பிள்ளைக்கு வயித்தால போகுது, தெரியுமா?” மூச்சு விடாமல் திட்டினாள். நான் பாட்டிலை மோந்து பார்த்தேன். சாக்கடை கலந்த நாற்றம். எந்தத் தெரு என்று கேட்டேன். நாலாவது தெரு, மாடிப் போர்ஷன் என்றாள். “இன்னும் இருபத்தஞ்சு நிமிஷம் போனா நான் தேர்தல்லயே இல்லம்மா. அதுக்கப்புறம் நீ யாரை வேணா திட்டிக்கோ” என்று விஷயத்தைச் சொன்னேன். புருஷன் கதையையும் மறைக்கவில்லை, எப்படியும் தெருவுக்கே தெரிந்ததுதானே. அவள் இடுப்பில் கைவைத்துக் கேட்டாள்.

“நான் கையெழுத்துப் போட்டா தண்ணி நாளைக்கு நல்லா வருமா?”

“வராது. எந்த எடத்துல குழாய் ஒடைஞ்சிருக்குன்னு தோண்டிப் பாக்கணும். அஞ்சாறு நாள் ஆகும்.”

“நாளைக்கே வந்துரும்னு சொல்லியிருந்தீங்கன்னா போட்டிருக்க மாட்டேன்” என்றாள். “குடுங்க.”

போனில் வைத்திருந்த வாக்காளர் பட்டியலில் அவள் பெயரைத் தேடிக் கண்டுபிடித்தேன். இருந்தது, போன வருஷம்தான் சேர்த்திருந்தார்கள். சுவர் சொரசொரப்பாக இருந்தது. “திரும்புங்க” என்று என் முதுகில் மனுவை விரித்துக் கையெழுத்துப் போட்டாள். பேனா முனை ரவிக்கைக்கு மேல் அழுந்தியது. பாட்டிலை என் கையில் திணித்தாள். “இதையும் எடுத்துட்டுப் போங்க. நாளைக்குக் காலையில வந்து பாப்பேன், சொல்லிட்டேன்.”

இரண்டு நாற்பத்தொன்று. ஒரு கையில் மனுவும் ஒரு கையில் பாட்டிலுமாக பஸ் நிறுத்தத்துக்கு ஓடினேன். பஸ் அப்போதுதான் போயிருந்தது. அடுத்தது எப்போது என்று அங்கிருந்தவர்களைக் கேட்டுக்கொண்டிருக்கும்போது பின்னால் ஸ்கூட்டர் சத்தம் கேட்டது. அந்தச் சத்தம் எனக்குத் தெரியும்.

“ஏறு” என்றார்.

“உங்க வண்டியிலயா?”

“போட்டது போட்டதுதான்” என்றார் என்னைப் பார்க்காமல். “நடந்து போனா நீ போய்ச் சேர மாட்ட.”

மானம் ரோஷம் உள்ளவள் ஏறியிருக்க மாட்டாள். ஏறினேன். தோளைப் பிடிக்கவில்லை. பாட்டிலையும் மனுவையும் மடியில் அணைத்துக்கொண்டு, நடுவில் ஒரு சாண் இடம் விட்டு உட்கார்ந்தேன். வழக்கம்போல ஓரமாக, வேகமும் இல்லாமல் மெதுவும் இல்லாமல் ஓட்டினார். அலுவலகத்துக்கு முந்தின பெரிய சந்திப்பில் சிவப்பு விழுந்துவிட்டது. தொண்ணூறு என்று எண் எரிந்தது. வலது காலை ஊன்றி நிறுத்தினார். மணி இரண்டு ஐம்பத்து மூன்று. அந்தக் கட்டடம் எதிரே தெரிந்தது, மாடி ஜன்னலோடு. அவர் பிடரியில் முடி காதுக்குக் கீழே வரை வளர்ந்து நரைத்துக் கிடந்தது. எப்போது இவ்வளவு நரைத்தது என்று எனக்குத் தெரியவில்லை.

“ஒரு வார்த்தை எங்கிட்ட சொல்லியிருக்கலாம்ல?” என்றேன். “நிக்காதேன்னு ஒரே ஒரு வார்த்தை. நான் என்ன மனுஷியில்லையா?”

எண் நாற்பதைத் தொட்டது. “நீ வீட்ல இருக்கிறப்ப சொல்லலாம்னு இருந்தேன்” என்றார்.

குத்தலாகச் சொல்லவில்லை. குத்தலாகப் பேச அவருக்குத் தெரியாது. எண் பத்துக்கு வந்தது, ஐந்துக்கு வந்தது. பாட்டிலுக்குள் காவித் தண்ணீர் இன்ஜின் அதிர்வில் நடுங்கிக்கொண்டிருந்தது. பச்சை விழுந்தது. இரண்டு பக்கமும் வண்டிகள் சீறிக்கொண்டு போயின. பின்னால் ஒரு லாரிக்காரர் ஹாரனில் வைத்த கையை எடுக்காமல் அலற விட்டார், “யோவ், எடுய்யா வண்டியை!” என்று யாரோ கத்தினார்கள். என் வீட்டுக்காரர் ஊன்றிய கால் இன்னும் தரையில்தான் இருந்தது.