தாரைக்குக் குறுக்கே

1

இந்தக் கதை என் சொந்தச் சரக்கு இல்லை. அண்ணி செய்த தப்பு. அவளே சிரித்துக்கொண்டு சொன்னாள், நான் சுட்டுவிட்டேன். முதல் வரி இப்படித்தான் வந்தது: ‘பல கோடி ஒளியாண்டுகளுக்கு அப்பால் ஒரு கருந்துளை உறுமிக்கொண்டு...’

(அடித்துவிட்டேன். “அது உறுமுச்சுன்னு உனக்கு யாருடா சொன்னா?” என்று கேட்பாள்.)

2

அண்ணி வானியல் ஆய்வாளர். தொலைதூர விண்மீன்கூட்டம் ஒன்றின் நடுவே கருந்துளை பீய்ச்சியடிக்கும் தாரையை ஐந்து வருஷமாகப் பார்க்கிறாள். அதிலிருந்து வரும் அகச்சிவப்பு ஒளி கண்டபடி அதிராமல் பெரும்பாலும் ஒரே திசையில் அதிரும். அந்தத் திசை தெரிந்தால் அங்கே காந்தப்புலம் எப்படிக் கிடக்கிறது என்று சொல்லிவிடலாம். தாரைக்குக் குறுக்கே அதிர்கிறது என்று கட்டுரை எழுதினாள். அவள் பெயர் முதலில் வரும் முதல் கட்டுரை. அச்சுப்படியைப் படமெடுத்துத் தன் அம்மாவுக்குக்கூட அனுப்பிவிட்டாள். வெள்ளிக்கிழமை வெளியீடு. துறைத்தலைவர் போகிற இடமெல்லாம் தம்பட்டம் அடித்தார்.

திங்கட்கிழமை காலை, பழைய அளவுகளைச் சும்மா புரட்டியபோதுதான் அது அவள் கண்ணில் பட்டது. தாரையின் போக்கிலிருந்து அளந்தால் ஒளி அதிரும் திசை ஒரு நாள் இரண்டு பாகை, இன்னொரு நாள் நூற்று எழுபத்தெட்டு. கூட்டி இரண்டால் வகுத்திருந்தாள். தொண்ணூறு. அதாவது குறுக்கே.

(வாசகரே, மேசையில் ஒரு குச்சியை வையுங்கள். அதற்குத் தலையும் இல்லை, வாலும் இல்லை. இரண்டு பாகையில் வைத்தாலும் நூற்று எழுபத்தெட்டில் வைத்தாலும் கிட்டத்தட்ட ஒரே வாக்கில்தான் கிடக்கும். உண்மையான சராசரி பூஜ்யம், தாரையின் போக்கிலேயே. இந்த வேலை செய்கிறவர்கள் மட்டுமே விழக்கூடிய பள்ளம்.)

3

அடுத்து எழுதியது: ‘அவள் ஒரு கணமும் தயங்கவில்லை. கட்டுரையை நிறுத்தச் சொல்லி உடனே தலைவருக்கு...’

அண்ணி என் தோளுக்குப் பின்னாலிருந்து படித்தாள்.

“டேய், என்னைத் தியாகி ஆக்காதே. ரெண்டு நாள் வாயே திறக்கல நான்.”

“அதெல்லாம் எதுக்கு அண்ணி? படிக்கிறவங்க உங்களை ஒரு மாதிரி நினைப்பாங்க.”

“நினைக்கட்டுமே. யாரு கண்டுபிடிக்கப் போறா, அப்படியே விட்டுடலாம்னுகூட நினைச்சேன். அதையும் போடு. புதன்கிழமை மத்தியானம்தான் எழுதி அனுப்புனேன். அனுப்புனதும் அப்பாடான்னு இருந்துச்சு பாரு, அதைக் கண்டிப்பா போடு.”

போட்டுவிட்டேன். இப்போதுதான் அவளை எனக்கு இன்னும் பிடித்திருக்கிறது.

4

இரண்டு முடிவுகள் கைவசம் இருந்தன. ஒன்றில் தலைவர் வானத்துக்கும் பூமிக்கும் குதிக்கிறார். மற்றதில் திருத்திய விடை பெரிய கண்டுபிடிப்பாகி, எல்லோரும் அவளைத் தலையில் தூக்கி வைத்துக்கொண்டு...

இன்று வியாழக்கிழமை. தலைவரின் பதில் சற்று முன்புதான் வந்தது. அண்ணி திறக்கவில்லை. அண்ணனுக்குத்தான் இருப்புக் கொள்ளவில்லை.

“என்ன எழுதியிருக்காருன்னு பாரேன்!”

“பார்க்கலாம், எங்க ஓடிடப் போகுது? அவர் என்ன எழுதியிருந்தாலும் அந்த ஒளி தாரையோட போக்குலதான் அதிருது.”

அந்தப் பதிலை நான் தொடமாட்டேன். உங்களுக்குப் பொறுக்கவில்லையென்றால் நீங்களே திறந்து பாருங்கள். அண்ணி மடிக்கணினியை இழுத்து வைத்து, முதல் நாள் அளவிலிருந்து மறுபடி கணக்குப் போட ஆரம்பித்துவிட்டாள். ஏதோ பாட்டு வேறு முணுமுணுக்கிறாள். சுருதி சேரவே இல்லை.