சுட்ட பலா

பெரும்புயலுக்குப் பிறகு மோத்துதாலித் தீவில், தேவாலயத்துக்குப் பின்னால் நின்ற சீமைப்பலா மரத்திலிருந்து காய்கள் சுட்ட பதத்திலேயே விழுந்தன. தோல் கருகி, உள்ளே மாவாக வெந்து, பிளந்தால் ஆவி வந்தது. தீவில் எத்தனை வாய் உண்டோ அத்தனை காய். காலையில் ஒரு குழந்தை பிறந்தால் சாயங்காலம் சின்னதாக ஒன்று கூடுதலாக விழும். சேம்புக் குழிகளில் கடல் புகுந்து கிழங்கெல்லாம் அழுகிவிட்டிருந்தது. தலைநகரான ஃபுனாஃபுதியிலிருந்து வரவேண்டிய கப்பல் வரவில்லை. அதனால் முதலில் யாரும் ஆச்சரியப்படவில்லை. பசித்தவனுக்கு அதற்கு நேரம் ஏது?

வயிறு நிறைந்ததும் வாய் திறந்தது. உப்பில்லை என்றார்கள். கொடுக்கிறவர் தேங்காய்ப்பாலோடு கொடுத்தால் கை தேய்ந்துவிடுமா என்றார்கள். பாடகர் குழுவினர், சூட்டில் நாக்கு வெந்து ராகம் போயிற்று என்றார்கள். சிலர் பன்றிக்குப் போட்டார்கள். மறுநாளும் காய்கள் விழுந்தன, பன்றிக்குப் போட்டவர்களுக்கும் சேர்த்தே.

பெலெனிகேயின் கணவன் புயலில் படகைக் காப்பாற்றப் போய்த் திரும்பவில்லை. தினமும் அவள் தன் பங்கைப் பிளந்து, வானத்தைப் பார்த்து, "நீங்க இருக்கீங்க, தெரியுது. கோவம் மட்டும் தீரலை" என்று சொல்லிவிட்டுத் தின்பாள். அவளுக்குத் தெரிந்த ஜெபம் அப்போது அது ஒன்றுதான்.

அவள் கொழுந்தன் சவுஃபாத்து சபை மூப்பன். ஞாயிற்றுக்கிழமை ஆராதனை முடிந்ததும் எழுந்து நின்றான். "எங்க அண்ணனைக் கேட்டு முழங்கால் தேய ஜெபம் பண்ணினேன். பலாக்காயைக் குடுக்கிறாரு. இது கடவுள் குடுக்கிறது இல்ல. வேற ஏதோ நம்மளக் கேலி பண்ணுது." மூப்பர்களுக்குப் பயந்த போதகர் கிதியோனா, அப்படியும் இருக்கலாம் என்றார். மரத்தை வெட்டுவதென்று முடிவாயிற்று.

பெலெனிகே மரத்தடியில் பாயை விரித்து உட்கார்ந்துகொண்டாள்.

"வழி விடுங்க அண்ணி."

"புருஷனைப் பறிகொடுத்தவ நானே திங்கிறேன். உனக்கு என்னடா தொண்டையில அடைக்குது?"

"போன உசிருக்கு இது ஈடா?"

"ஈடுன்னு யார் சொன்னா? ஈடு கட்டுறவன் ஒரு தடவை குடுத்துட்டுக் கதவைச் சாத்திக்குவான். இவரு தினமும்ல வர்றாரு!"

பாயோடு அவளைத் தூக்கி அப்பால் வைத்துவிட்டு வெட்டினார்கள். மரத்தின் பால் காயல்வரை ஓடி, தண்ணீர் ஒரு வாரம் வெளுத்துக் கிடந்தது.

மறுநாள் ஒன்றும் விழவில்லை. அதற்கு மறுநாளும் இல்லை. இளநீரும் நண்டுமாக ஊர் இளைத்தது. கர்த்தர் கோபித்துக்கொண்டு போய்விட்டார், எல்லோரும் உபவாசம் இருங்கள் என்று போதகர் பிரசங்கித்தார். பெலெனிகே, பண்டிகை நாள்போலத் தலையில் பூமாலையோடு, எழுந்தாள்.

"பட்டினி கிடக்கிறவங்களை உபவாசம் இருக்கச் சொல்றீங்களே ஐயா, எப்படி? மரியாதை பத்தலைன்னு முறுக்கிக்கிட்டுப் போக அவரு என்ன உங்க சம்பந்தியா?"

பின்வரிசையில் சிரிப்பு எழுந்தது. அன்றே அவளைப் பாடகர் குழுவிலிருந்து நீக்கினார்கள். அவள் ஒரு காலிக் கூடையைத் தூக்கிக்கொண்டு வெட்டிய மரத்தடியில் போய் உட்கார்ந்து, தனியாக, உரக்கப் பாடினாள். வெயிலிலும் பாடினாள், மழையிலும் பாடினாள். "பெலெனிகே, கூடை ரொம்பிடுச்சா?" என்று போகிறவர்கள் கேட்பார்கள். "வாயை மூடு, வயித்தைத் தயாரா வை" என்பாள். சில நாள் அவளுக்கே சந்தேகம் வந்தது. அப்போது இன்னும் கொஞ்சம் சத்தமாகப் பாடினாள்.

மழைக்காலம் கழிந்து ஒரு காலையில் சுட்ட பலாவின் வாசனை வந்தது. கூடையோடு ஓடினாள். அடிமரத்தில் ஒன்றுமில்லை. வாசனை சவுஃபாத்துவின் முற்றத்திலிருந்து வந்தது. அங்கே மரமே கிடையாது. வெறும் வானத்திலிருந்து காய்கள் ஒவ்வொன்றாக, யாரோ பார்த்து இறக்கி வைப்பதுபோல இறங்கிக்கொண்டிருந்தன. முழங்கால் உயரத்துக்குக் குவிந்துவிட்டன. நடுவில் சவுஃபாத்து ஒன்றையும் தொடாமல் உட்கார்ந்து அழுதுகொண்டிருந்தான்.

பெலெனிகேவுக்கு உச்சந்தலை கொதித்தது. கூடையைத் தூக்கி எறிந்தாள்.

"நல்லா இருக்கு நியாயம்! காத்துக் கிடந்தவ நான், வெட்டினவன் வாசல்லயா கொண்டுவந்து இறக்குறீங்க?"

மேலிருந்து இன்னொரு காய் இறங்கியது. ஊரே வேலி ஓரமாக நின்று பார்த்தது.

"அண்ணி," என்றான் சவுஃபாத்து. "நான் எடுத்துக்கலாமா?"

அப்போதுதான் அவனை நன்றாகப் பார்த்தாள். விலா எலும்பு எண்ணலாம்போல் இருந்தது. கணவனுக்கும் அதே தோள்தான், அதே கூனல்தான். அவன் பக்கத்தில் சப்பணமிட்டு உட்கார்ந்தாள். ஒரு காயைப் பிளந்து, ஊதி ஆற்றி, பாதியை அவன் வாயில் திணித்தாள்.

"தின்னு. திட்டினாலும் வெட்டினாலும் திரும்ப வர்றாரே, அவருக்கே வெட்கம் இல்ல. உனக்கு எதுக்குடா?"

மீதிப் பாதியை அவள் தின்றாள். அழுதுகொண்டேதான் தின்றாள். வேலியோரம் நின்றவர்கள் மெல்ல முற்றத்துக்குள் வந்தார்கள்.

அதற்குப் பிறகு காய்கள் இன்ன இடத்தில் விழும் என்று கணக்கில்லை. முணுமுணுக்கிறவர்கள் வீட்டில் சற்று அதிகம் விழுவதாகச் சொல்வார்கள். புதிதாக வரும் போதகர்களுக்கு அந்தத் தீவில் யாரும் எதையும் விளக்குவதில்லை. காலையில் வெளியே கிளம்பினால் தலைக்கு மேல் ஒரு பாயைப் பிடித்துக்கொள்ளுங்கள் என்று மட்டும் சொல்வார்கள்.