சத்தம் போடாத பஸ்

முடியை மூன்றாகப் பிரித்துக் கையில் வைத்துக்கொண்டு, எது முதலில் எதன் மேல் போக வேண்டும் என்று ஒரு கணம் நிற்கிறேன், தினமும் நிற்கிறேன், பிறகு விரல்கள் தாமாக நகர்கின்றன, வலது நடுவுக்கு, இடது நடுவுக்கு, மறுபடி வலது, குக்கர் விசில் விட்டு ஓய்ந்திருக்கிறது, பால் ஆறிக்கொண்டிருக்கிறது, டிபன் டப்பாவில் தயிர்சாதம், மூடி சரியாகப் பொருந்தாததால் ரப்பர் பேண்ட் போட்டிருக்கிறேன், நிரு முதுகை எனக்குக் காட்டி முக்காலியில் உட்கார்ந்து தோசையைச் சுருட்டி ஓரத்தை மட்டும் கடித்துக்கொண்டிருக்கிறாள், இன்றைக்கு யூனிஃபார்ம் இல்லை, கலர் டிரஸ், பள்ளியில் சுற்றுலா. நெடுஞ்சாலையோரத்துப் பொழுதுபோக்குப் பூங்காதான், ராட்டினமும் நீர்ச்சறுக்கும் இருக்கிற இடம், பள்ளிப் பிள்ளைகளுக்கு என்று அங்கே அறிவியல் நிகழ்ச்சியும் நடத்துகிறார்கள், ஏறுகிற ஒவ்வொன்றிலும் என்ன விசை, என்ன வேகம் என்று மைக்கில் சொல்லித் தருவார்கள். என் மனைவி சாரு அந்தப் பள்ளியில் அறிவியல் டீச்சராக இருந்தாள், பிள்ளைகளை அங்கே கூட்டிப் போகிற வழக்கத்தை ஆரம்பித்ததே அவள்தான், அப்படிப் போய்விட்டு வருகிற வழியில்தான், இரண்டு வருடங்களுக்கு முன்னால், இறந்துபோனாள்.

நிருவை அனுப்ப எனக்கு மனமில்லை, அவள் இரவு சாப்பிடாமல் சுவரைப் பார்த்துப் படுத்துக்கொண்டாள், ஒன்றாம் வகுப்புப் பிள்ளைகளோடு வீட்டிலிருந்து ஒருவர் வரலாம் என்று பள்ளியில் சொன்னார்கள், நான் லீவு போட்டேன். பையில் என்ன வைக்கிறாய் என்று கேட்டதற்கு ஸ்வெட்டருங்கப்பா என்றாள், சாருவின் நீல ஸ்வெட்டர், தண்ணீரில் ஆடிவிட்டு வந்தால் குளிரும் என்று அவளுக்கே தோன்றியிருக்கிறது என்று நினைத்தேன், கெட்டிக்காரி என்று கூட நினைத்தேன்.

பஸ்ஸில் முன்வரிசையில் பிரிசில்லா மிஸ் நின்றுகொண்டிருந்தார், சாருவோடு ஒரே அறையில் உட்கார்ந்து பரீட்சைத் தாள் திருத்தியவர், சார் நீங்க வருவீங்கன்னு நெனைக்கலைங்க என்றார், பாப்பா விடல மிஸ் என்றேன், அவர் உடனே கைதட்டிப் பிள்ளைகளைப் பாட வைத்தார், ஒரு பாட்டு முடிந்தால் அடுத்தது, சிக்னலில் நின்றாலும் பாட்டு, தொண்டை வறண்டு ஒருத்தி நிறுத்தினால் என்ன அதுக்குள்ள இட்லி செமிச்சுப்போச்சா பாடு என்று விரட்டினார். பஸ்ஸில் அவர் யாரையும் சும்மா இருக்க விடுவதில்லை, அன்றிலிருந்து அப்படித்தான் என்று எனக்குத் தெரியும், ஏன் என்றும் தெரியும், அவரே வந்து என்னிடம் சொல்லிவிட்டு, சொல்லியிருக்கக் கூடாதோ என்று வாசற்படியில் நின்று அழுதவர்.

திரும்பி வரும்போது பிள்ளைகள் கத்துவார்கள், எல்லாப் பள்ளியிலும் கத்துவார்கள், அன்று சாரு கண்ணாடியில் நெற்றியைச் சாய்த்துக் கண்ணை மூடியிருந்தாள், எட்டாம் வகுப்புப் பெண் ஒருத்தி அதைப் பார்த்து உதட்டில் விரலை வைத்தாள், மிஸ் தூங்கறாங்க, அது இருக்கை இருக்கையாகக் காதோடு காதாகப் பின்னால் போனது, மிஸ் தூங்கறாங்க, மிஸ் தூங்கறாங்க, கடைசி வரிசைப் பையன்கள் கூட அடங்கிவிட்டார்கள், தும்மியவனைப் பக்கத்திலிருந்தவன் கிள்ளினான், உருண்டுபோன தண்ணீர் பாட்டிலை ஒருவன் காலை நீட்டி நிறுத்தினான், அவள் முகத்தில் வெயில் விழாமல் யாரோ திரையை இழுத்துவிட்டார்கள், ஊர் வந்து சேரும்வரை ஒரு பஸ் நிறையப் பிள்ளைகள் அவளுக்காக வாயைத் திறக்காமல் உட்கார்ந்திருந்தார்கள். மூளையில் ரத்தக்குழாய் வெடித்திருக்கிறது என்றார் டாக்டர், உடனே பார்த்திருந்தாலும் ஒன்றும் செய்திருக்க முடியாது என்றார், பிறகு ஒருவேளை என்று ஒரு சொல்லை ஆரம்பித்து அதை முடிக்காமல் கைகழுவப் போய்விட்டார். அந்தப் பிள்ளைகள் மேல் எனக்குக் கோபம் வரவில்லை, யார்மீதாவது வந்திருந்தால் நன்றாக இருந்திருக்கும். சில நாள் தூக்கத்தில் நானும் அந்த பஸ்ஸில் உட்கார்ந்திருக்கிறேன், அவளுக்கு நேர் பின் இருக்கை, அவளைத் தொட்டு எழுப்பினால் போதும், ஆனால் என் விரலும் உதட்டின் மேல்தான் இருக்கிறது, அதை எடுக்க வரவில்லை.

குழந்தைக்குக் காட்டக் கூடாது என்று பெரியவர்கள் முடிவுசெய்தார்கள், ஆம்புலன்ஸ் வீட்டுக்கு வருவதற்கு முன்பே சாருவின் தங்கை நிருவைக் கரூருக்குத் தூக்கிக்கொண்டு போனாள், தூக்கத்திலேயே, போட்ட பின்னலோடு. கருமாதி முடிந்துதான் நிரு திரும்பினாள், அதற்குள் முடி சிக்குப் பிடித்து, எடுக்க முடியாமல் சித்தி காதோரம் கொஞ்சம் வெட்டிவிட்டிருந்தாள். வீட்டில் அத்தை, சாருவின் அம்மா, நிருவுக்கு அம்மாயி, துக்கம் கேட்க வந்தவர்களிடம் ஒரே வாக்கியத்தைச் சொல்லிக்கொண்டிருந்தார், என்ற புள்ள பஸ்ஸுல தூங்குனவதானுங்க, எந்திரிக்கவே இல்லைங்க, அதோடு இன்னொன்றும் சொல்வார், கடைசியா மாப்பிள்ளைக்குப் போன் போட்டு பாப்பாவைப் பாத்துக்குங்கன்னு சொல்லியிருக்குது, புள்ளைக்கு முன்னாடியே தெரிஞ்சுபோச்சாட்டம் இருக்குது. வந்தவர்கள் என்னைப் பார்ப்பார்கள், நான் தலையாட்டுவேன். நிருவும் தலையாட்டுவாள், அம்மா சாமிகிட்டப் போயிட்டாங்க கண்ணு என்று யார் சொன்னாலும். ஒன்றும் கேட்டதில்லை, கேட்காததை நான் நிம்மதி என்று எடுத்துக்கொண்டேன். மாலை போட வேண்டிய படம் செய்தித்தாள் சுற்றியபடி இன்னும் பரண்மேல் இருக்கிறது.

பூங்காவில் முதலில் பெரிய படகு ஊஞ்சல், பக்கத்தில் மஞ்சள் டீ-சர்ட் போட்ட பெண் மைக்கோடு நின்று, இது ஒரு ஊசல், மேல போயி ஒரு செகண்ட் நின்னு திரும்புது பாருங்க, அந்த எடத்துல உங்க எடை என்னாகும் என்று கேட்டாள், மிஸ் சாப்பிடறதுக்கு முன்னாடிங்களா பின்னாடிங்களா என்றான் ஒருவன், இவன் காலைலயே ஆறு இட்லிங்க மிஸ் படகே ஏறாது என்றாள் இன்னொருத்தி, எல்லோரும் சிரித்தார்கள், நானும் வாயைச் சிரிப்பதுபோல் வைத்துக்கொண்டேன். எடை குறையும் என்பது எனக்குத் தெரியும், கல்லூரியில் படித்தது, பிறகு சாரு வீட்டில் நடத்தியது, தொட்டிலில் நிருவைப் போட்டு ஆட்டிக்கொண்டே, நாளைய பாடத்தை என்னிடம் ஒத்திகை பார்ப்பாள், ஏங்க இந்த எடத்துல பாருங்க, இங்க பாப்பாவோட எடை கொறையுது, நீங்க கவனிக்கறதே இல்ல, எந்திரிச்சு வெளிய நில்லுங்க என்பாள், நான் எழுந்து நிற்கிறேன், தொட்டில் மேலே போகிறது, நிற்கிறது, திரும்பவில்லை, படகில் பிள்ளைகள் வீறிடுகிறார்கள், நிரு என் விரலைப் பிடித்துக்கொண்டு படகைப் பார்க்காமல் வாசல் பக்கமே பார்த்துக்கொண்டிருக்கிறாள்.

மத்தியானம் சாப்பாட்டுக்கு விட்டதும் பஸ்ஸுக்குப் போலாங்கப்பா என்றாள். சாப்பிட்டுட்டுப் போலாம் என்றேன், இல்லைங்கப்பா இப்பவே. பையை மாட்டிக்கொண்டு முன்னால் நடந்தாள், வண்டி நிறுத்துகிற மைதானத்தில் ஊர் ஊராக வந்த பள்ளி பஸ்கள், எல்லாம் மஞ்சள், எங்கள் பஸ்ஸைக் காட்டினேன், அதைத் தாண்டிப் போய் வரிசையின் ஓரத்தில் இருந்த முதல் பஸ்ஸின் பக்கத்தில் நின்று எம்பிப் பார்த்தாள், எட்டவில்லை, தூக்குங்கப்பா என்றாள். தூக்கினேன். கண்ணாடியில் இரண்டு கையையும் குவித்து வைத்து உள்ளே பார்த்தாள், நகருங்க என்றாள், அடுத்த கண்ணாடி, அடுத்தது, விளையாட்டு என்றுதான் நினைத்தேன். அடுத்த பஸ்ஸில் ஒருவர் இருக்கையில் கால் நீட்டித் தூங்கிக்கொண்டிருந்தார், அவரை வெகுநேரம் பார்த்துவிட்டு, இது டிரைவரு என்றாள், குரல் இறங்கிப்போயிருந்தது, அப்போதுதான் கேட்டேன், யாரைக் கண்ணு தேடற.

அம்மாவைத்தான் என்றாள், பஸ்ஸுல தூங்கறாங்கல்லங்கப்பா, அம்மாயி சொன்னாங்க, எந்திரிக்கவே இல்லைன்னு, ஸ்வெட்டர் கொண்டாந்திருக்கேன், குளிரும்ல.

சொல்ல வேண்டியது ஒரு வாக்கியம்தான், எனக்குத் தமிழ் தெரியும், ஆனால் அவளை அடுத்த பஸ்ஸுக்குத் தூக்கிக்கொண்டு போனேன். அதற்கடுத்ததற்கும். வெயிலில் தகரம் சுட்டது, சன்னலுக்குச் சன்னல் அவளை உயர்த்திப் பிடித்தேன், அவள் பார்ப்பதற்குள் நானும் பார்த்தேன், முதலில் அவளுக்காகப் பார்த்தேன், பிறகு உண்மையாகவே பார்த்தேன், காலி இருக்கைகள், மறந்துவிட்ட தொப்பி, ஒரு பஸ்ஸில் கண்ணாடியோடு சாய்ந்து நீலமாக ஏதோ இருந்தது, என் கால் நின்றுவிட்டது, சுருட்டிக் கட்டிய திரை அது, நிரு என் முகத்தைப் பார்த்தாள், இல்லைங்கப்பா அது துணி என்று எனக்குச் சொன்னாள்.

கடைசியாக எங்கள் பஸ்ஸுக்கே வந்தோம். இதுலயும் இல்லைங்கப்பா. இல்ல கண்ணு. வேற எடத்துல பஸ்ஸு நிக்குதுங்களா. இல்ல. அப்ப யாராச்சும் எழுப்பிட்டாங்களா என்று கேட்டாள், அப்படிக் கேட்கும்போது அவள் முகத்தில் ஒரு வெளிச்சம் வந்தது, அதைப் பார்த்துக்கொண்டே சொன்னேன், இல்ல கண்ணு, யாரும் எழுப்பல, எழுப்பியிருந்தாலும் எந்திரிச்சிருக்க மாட்டாங்க, அம்மா செத்துப்போயிட்டாங்க. அந்தச் சொல்லை வீட்டில் யாரும் சொன்னதில்லை, நானும் அதுவரை சொன்னதில்லை, பஸ் படிக்கட்டில் உட்கார்ந்து சொன்னேன். அவள் ஸ்வெட்டரைப் பையிலிருந்து வெளியே எடுத்தாள், பார்த்தாள், மறுபடி மடிக்கப் பார்த்தாள், கை ஒன்று வெளியிலேயே தொங்கியது, நான் வாங்கி மடிக்கப் போனேன், எனக்கும் மடிக்க வரவில்லை. சரிங்கப்பா என்றாள், தயிர்சாதம் குடுங்க. ரப்பர் பேண்டைக் கழற்றிக் கொடுத்தேன். பாதி சாப்பிட்டாள், மீதியை எனக்கு ஊட்டினாள், தின்றேன்.

சாயங்காலம்வரை அவள் தண்ணீரில் ஆடினாள், மற்றப் பிள்ளைகளோடு சறுக்கில் இறங்கினாள், கீழே வந்து விழும்போதெல்லாம் நான் நிற்கிறேனா என்று திரும்பிப் பார்த்தாள், நின்றேன். திரும்பும்போது பஸ்ஸில் என் மடியில் தலைவைத்துப் படுத்தாள், நீல ஸ்வெட்டரைப் போர்த்திவிட்டேன், வேண்டாம் என்று சொல்லவில்லை. நான் தூங்கட்டுங்களா என்றாள். தூங்கு. எழுப்புவீங்களா. எழுப்புவேன். வீடு வந்ததும் எழுப்புவீங்களா. நடுவுலயும் எழுப்புவேன் என்றேன். நடுவுல வேண்டாங்கப்பா என்றாள், கண்ணை மூடினாள். முன் இருக்கையிலிருந்து ஒரு பெண் எட்டிப் பார்த்து, உதட்டில் விரலை வைத்து, பாப்பா தூங்குது என்று பின்னால் திரும்பினாள், பாட்டு ஒரு வரிசையில் அடங்கியது, அதற்கடுத்த வரிசையில் அடங்கியது, பிரிசில்லா மிஸ் எழுந்து நின்றுவிட்டார், தூங்குனா தூங்கட்டும், நீங்க பாடுங்க என்றார், யாரும் ஆரம்பிக்காததால் அவரே ஆரம்பித்தார், குரல் கரகரத்தது, பிறகு பிள்ளைகள் சேர்ந்துகொண்டார்கள், பஸ் முழுக்கச் சத்தம், சன்னல் கண்ணாடி அதிர்கிறது, அந்தச் சத்தத்துக்கு நடுவே அவள் மூக்கின் கீழ் என் விரலை வைத்திருக்கிறேன், சூடாக வருகிறது, போகிறது, வருகிறது, மறுகையால் ரிப்பன் முடிச்சை இழுக்கிறேன், ஈரத்தில் இறுகியிருக்கிறது, பல்லால் கடித்து இழுக்கிறேன், காலையில் மூன்றாகப் பிரித்துப் போட்டதைக் கீழிருந்து மேலாகப் பிரிக்கிறேன், இதற்கு எது எதன் மேல் என்று யோசிக்க வேண்டியதில்லை, முடி தானாக விட்டுக்கொடுக்கிறது. அன்று பஸ் கிளம்பியதும் சாரு போன் செய்தாள், பின்னால் பிள்ளைகள் கத்திக்கொண்டிருந்தார்கள், எதுவும் சரியாகக் கேட்கவில்லை, என்ன என்ன என்று கேட்டேன், சத்தமாகச் சொன்னாள், ஏங்க, பாப்பாவுக்குப் பின்னலை அவுத்துவிட்டுத் தூங்க வைங்க, இல்லீனா காலைல சிக்கெடுக்க முடியாது.