ஐந்தாவது அடிக்கல்

எங்கள் கட்டிங் டிபார்ட்மெண்டில் ஒவ்வொருவருக்கும் ஒரு நம்பர் உண்டு. வெட்டுகிற ஒவ்வொரு துண்டின் பின்பக்கத்திலும் அதை முத்திரையாகக் குத்திவிட வேண்டும். ஷூ ஜெர்மனிக்குப் போய் யாரோ ஒருவர் காலில் கிழிந்தாலும், தையலைப் பிரித்துப் பார்த்து, ஆம்பூரில் எந்த மேஜையில் வெட்டியது என்று சொல்லிவிடலாம். என் நம்பர் பதினேழு. பக்கத்து மேஜை வாஹித் பாஷாவுக்கு இருபத்திரண்டு.

வேலூரிலிருந்து வருகிற ஒரு வாரப் பத்திரிகைக்கு நான் ஒன்பது வருடமாக அரசியல் கார்ட்டூன் வரைகிறேன். கம்பெனியில் யாருக்கும் தெரியாது. முதல் படத்தை முடித்தபோது கை தானாகவே மூலையில் 17 என்று எழுதிவிட்டது. பெயர் இல்லாமல் தப்பித்தோம் என்று ஆசிரியரும் நினைத்தார், நானும் நினைத்தேன். அப்படியே நிலைத்துவிட்டது. இந்த ஒன்பது வருடத்தில் என் படத்தைப் பார்த்து எந்த அமைச்சரும் பதவி விலகவில்லை. எந்தத் திட்டமும் மாறவில்லை. ஒரு தடவை மட்டும் ஒரு வாசகர், மாடு சரியாக வரவில்லை என்று கடிதம் எழுதியிருந்தார். அது மாடு இல்லை, வாரியத் தலைவர்.

எங்கள் ஊர் மாதனூருக்கு எதிரே, பாலாற்றின் அக்கரையில் இருக்கிறது. வெள்ளத்தில் தரைப்பாலம் போனதிலிருந்து கம்பெனி பஸ் சுற்றிக்கொண்டு வருகிறது. புதுப் பாலத்துக்கு அமைச்சர் நான்கு முறை அடிக்கல் நாட்டியிருக்கிறார். முதல் கல் வெள்ளம் வடிந்ததும். இரண்டாவது, திட்டத்தின் பெயர் மாறியதால். மூன்றாவது, இரண்டாவது கல்லில் ஒருவர் பெயர் விட்டுப்போனதால். நான்காவதற்குக் காரணம் சொல்லவில்லை. பந்தல் போட்டார்கள், வைத்தார்கள்.

அந்த அமைச்சர் எங்கள் கம்பெனியில் பயிற்சி மையம் திறக்க வருவதாகவும், அவருக்கு ஒரு ஜோடி ஷூ பரிசளிக்கப்போவதாகவும் கட்டிங் மேனேஜர் ஆதிகேசவன் ஒரு வெள்ளிக்கிழமை காலையில் வந்து சொன்னார். முழுத் தோல் ஒன்றைத் தனியாகக் கொடுத்தார். இரண்டு ஷூவும் அந்த ஒரே தோலிலிருந்து வர வேண்டும். வெட்டுவது வாஹித் பாஷா. தழும்பு, முள் கீறல், உண்ணிக்கடி எல்லாம் தேடி சில்வர் பேனாவால் வளையம் போட்டுக் கொடுப்பது நான்.

மதியம் வாஹித் பாஷா தொழுகைக்குப் போனான். நான் மேஜையில் தனியாக இருந்தேன். எங்கள் ஹாலுக்குள் செல்போன் கூடாது, காகிதம் கூடாது. எனக்கு அந்த வாரத்துப் படம் தோன்றுவதெல்லாம் அங்கேதான். அதனால் கழிவுத் துண்டின் பின்பக்கத்தில் சில்வர் பேனாவால் போட்டுப் பார்ப்பேன். மனதில் பதித்துக்கொண்டு துண்டைக் கூடையில் போட்டுவிட்டு, வீட்டில் போய்க் காகிதத்தில் வரைவேன். அன்றைக்கு அமைச்சருக்கான தோலின் ஓரத்தில் ஒரு துண்டு மிஞ்சியிருந்தது. அதில் ஆற்றைப் போட்டேன். ஆற்றுக்குள் வரிசையாக அடிக்கற்கள். அவற்றின் மேல் சோற்று டப்பாவோடு தாண்டித் தாண்டி வேலைக்குப் போகிற ஜனம். கடைசிக் கல்லைக் கையில் ஏந்தியபடி நம்மைப் பார்க்காமல் நிற்கிற அமைச்சர். அவரை எப்போதும் முதுகுப்பக்கம்தான் வரைவேன். மூலையில் 17. பிறகு அதை மேஜை ஓரத்தில் கழிவோடு தள்ளி வைத்துவிட்டுச் சாப்பிடப் போனேன்.

திரும்பி வந்தபோது துண்டு மேஜையில்தான் இருந்தது. நடுவில் டங் வடிவத்தில் ஓட்டை. டங் என்பது ஷூவில் கயிற்றுக்கு அடியில் வருகிற பட்டை. மூலையில் 17 மட்டும் பத்திரமாக இருந்தது.

"பாத்தியா பரிதி, ஒரு டங்குக்கு எடம் இருக்குது. நீ பாட்டுக்கு வேஸ்ட்ல தள்ளிட்டு போயிருக்க," என்றான் வாஹித் பாஷா. டங் டை, அதாவது டங்கை வெட்டுகிற இரும்பு அச்சு, அடங்குகிற எந்தத் துண்டும் கழிவு இல்லை என்பது எங்கள் சட்டம். பதினைந்து வருடமாக ஹாலில் தோல் மிச்சம் பிடிப்பதில் அவன்தான் முதல்.

"பாய், அந்தத் துண்டு..."

"இன்னா?"

"ஒண்ணும் இல்ல."

பின்பக்கத்தை அவன் பார்க்காததில் ஆச்சரியம் இல்லை. தோலின் பின்பக்கம் எப்போதும் தோல் பதனிடும் டேனரிக்காரர்கள் எழுதிய எண்களும் அம்புக்குறிகளுமாகத்தான் இருக்கும். யாரும் படிப்பதில்லை. போதாததற்கு அவன் கண்ணாடி சட்டைப் பையிலேயே வாழ்ந்தது. முத்திரையைக் குத்தித் தையலுக்கு அனுப்பிவிட்டான். அங்கே பிரிசில்லா அதன் மேல் பஞ்சை ஒட்டி லைனிங் வைத்துத் தைத்துவிட்டாள். இனி யாரும் பார்க்க முடியாது என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டேன். அதையே தினமும் சொல்லிக்கொள்ள வேண்டியிருந்தது. உள்ளே இருப்பது என் படம். அதன் மேல் இருப்பது அவன் நம்பர். பக்கத்து மேஜைக்கும் என் மேஜைக்கும் மூன்றடிதான். அந்த மூன்றடிக்கு நான் வாய் திறக்கவில்லை.

விழா நடந்தது. அமைச்சர் மேடையிலேயே ஷூவைப் போட்டுக்கொண்டு நான்கு அடி நடந்து காட்டினார். நான் கைதட்டினேன்.

ஒன்பது நாள் கழித்து அமைச்சரின் பி.ஏ. செல்வகுமார் காரில் வந்தார். ஒரு டவலில் சுற்றி, இடது ஷூவை மட்டும் கொண்டுவந்திருந்தார். அமைச்சருக்கு மேல்பாதம் கொஞ்சம் உயரமாம். டங் அழுத்துகிறதாம். உள்ளே இருக்கிற பஞ்சைக் குறைக்க வேண்டும். அய்யாவின் பொருளைக் கண்பார்வையிலிருந்து விடக் கூடாது என்பதால் சாம்பிள் ரூமில் முக்காலி போட்டு உட்கார்ந்துகொண்டார். ஆதிகேசவன் நின்றார். புது டங் தேவைப்பட்டால் வெட்டுவதற்காக வாஹித் பாஷாவையும் என்னையும் கூப்பிட்டார்கள்.

பிரிசில்லா தையலைப் பிரித்தாள். பஞ்சை உரித்தாள். கொஞ்ச நேரம் பார்த்தாள்.

"சார், இதுல யாரோ படம் போட்டிருக்காங்க."

செல்வகுமார் கையை நீட்டி வாங்கி, மிஷின் விளக்குக்கு அடியில் பிடித்தார். ஆதிகேசவன் எட்டிப் பார்த்தார்.

"யாரோ பொதுவா ஒரு ஆளு மாதிரி இருக்குது சார்," என்றார்.

"பதிமூணு வருஷமா நான் அவரு பின்னாடி நிக்கிறேன்," என்றார் செல்வகுமார். "இது அவரு முதுகு."

டங்கை இன்னும் கிட்டத்தில் பிடித்தார்.

"தலைக்கு மேல இருபத்திரண்டுன்னு போட்டிருக்குதே, அது இன்னா?"

ஆதிகேசவன் மெதுவாகத் திரும்பினார். "வாஹித், உன் நம்பரு."

வாஹித் பாஷா சட்டைப் பையிலிருந்து கண்ணாடியை எடுத்து மாட்டிக்கொண்டு பார்த்தான். நிறைய நேரம் பார்த்தான்.

"வெட்டுனது நான்தான் சார். படம் நான் போடல. எனக்கு ஒரு ஆடு கூட போட வராது."

"நம்பர் உன்னுதுதானே?" என்றார் ஆதிகேசவன்.

"என்னுதுதான்."

"அப்ப உன் வேலைதான். எழுதிக் குடுத்துட்டு கெளம்பு. நாளைலருந்து வர வேணாம்."

நம்பருக்கு மேல் அப்பீல் இல்லை. அது அவனுக்கும் தெரியும். அவன் மகள் ஜோயா வாணியம்பாடியில் காலேஜ் சேர்ந்து இரண்டு மாதம்தான் ஆகியிருந்தது. அவன் என்னைப் பார்த்திருந்தால் எனக்குச் சுலபமாக இருந்திருக்கும். பார்க்கவில்லை. கண்ணாடியைக் கழற்றி, துடைத்து, மறுபடி பையில் வைத்தான். அந்தத் துண்டு எங்கிருந்து வந்தது என்று அவனுக்கு இப்போது தெரியும் என்பது எனக்குத் தெரிந்தது. மௌனம் எனக்குப் பழக்கமானது. வீட்டில் மணிக்கணக்காகப் பேசாமல் இருப்பேன். ஆனால் அதுவரை இருந்த மௌனங்கள் எல்லாம் என் செலவில் இருந்தவை.

"படம் நான் போட்டது சார்," என்றேன். "அவருக்குத் தெரியாது. கீழ என் நம்பர் பதினேழு இருந்துச்சு. வெட்டுல போய்டுச்சு."

செல்வகுமார் நிமிர்ந்தார். "பதினேழா? பத்திரிகைல வர்ற பதினேழா?"

"ஆமா சார்."

"நீ வார்டு பதினேழு இல்ல?"

"கட்டிங் நம்பர் சார்."

அவர் டங்கை மடியில் வைத்துக்கொண்டு சுவரைப் பார்த்தார்.

"பதினேழாவது வார்டு கவுன்சிலர்தான் ஆள் வச்சு போடறாருன்னு முடிவு பண்ணி, ரெண்டு வருஷமா அவரை மேடைல ஏத்தல. பொண்ணு கல்யாணத்துக்குப் பத்திரிகை வைக்க வந்தாரு. அய்யா வாங்கல. என்னாண்ட குடுத்துட்டு அழுதுட்டே போனாரு."

அவர் மறுபடி படத்தைப் பார்த்து விரலால் எண்ணினார்.

"கையில இருக்கறதோட சேத்து அஞ்சு கல்லு இருக்குது."

"ஆமா சார்."

"வச்சது நாலு."

"தெரியும் சார்."

"அஞ்சாவது வர்ற வியாழக்கெழம. கலெக்டருக்கே நேத்துதான் சொன்னோம். உனக்கு யாரு சொன்னது?"

"யாரும் சொல்லல சார். மொதல்ல நாலுதான் போட்டேன். அக்கரைக்கு எட்டல."

"அஞ்சுல எட்டுதா?"

"படத்துல எட்டுது."

அவர் தலையாட்டினார். பதிலில் திருப்தியா, இல்லையா என்று கண்டுபிடிக்க முடியவில்லை.

ஆதிகேசவனுக்கு வேர்த்திருந்தது. "சார், ரெண்டு பேரையும் அனுப்பிடறேன். போலீஸ்லயும் எழுதிக் குடுத்துடறேன்."

"இன்னான்னு எழுதுவ?"

"அமைச்சரைக் கேவலப்படுத்தி..."

"எங்க கேவலப்படுத்துனான்னு கேப்பாங்க. ஷூக்குள்ளன்னு சொல்லணும். அந்த ஷூ எங்க இருந்துச்சுன்னு கேப்பாங்க. ஒம்பது நாளா அய்யா கால்ல இருந்துச்சு. அதைப் போட்டுக்கிட்டுதான் சட்டசபைல நின்னு மானியக் கோரிக்கைக்குப் பதில் சொன்னாரு. இது எல்லாம் எழுத்துல வரணுமா?"

வரக் கூடாது என்று ஆதிகேசவன் ஒப்புக்கொண்டார்.

"அப்ப ஒண்ணும் நடக்கல. யாரையும் அனுப்பாத. அனுப்புனா காரணம் கேப்பாங்க. வேற டங் போட்டுக் குடு." என்னைக் காட்டினார். "இவனே வெட்டட்டும். நான் பாக்கறேன்."

வெட்டினேன். அவர் வாங்கி முன்னும் பின்னும் திருப்பிப் பார்த்தார். சுத்தமாக இருந்தது. முத்திரையை எடுத்தபோது, "நம்பரு போட்டே ஆகணுமா?" என்றார். ஆதிகேசவன், அது கம்பெனி ரூல் என்றார். குத்தினேன். பழைய டங்கை செல்வகுமார் நான்காக மடிக்கப் பார்த்தார். தோல் மடங்கவில்லை. அப்படியே சட்டைப் பையில் பேனாக்களுக்குப் பின்னால் வைத்துக்கொண்டார். புதுப் பஞ்சை ஒட்டி, லைனிங் வைத்து, பிரிசில்லா முக்கால் மணி நேரத்தில் ஷூவை முடித்துக் கொடுத்தாள்.

எனக்கு மட்டும் ஏழு நாள் சஸ்பெண்ட். மெமோவில், சில்வர் பேனாவை அதன் உபயோகத்துக்கு மாறாகப் பயன்படுத்தியது என்று இருந்தது. கையெழுத்துப் போட்டேன்.

சைக்கிள் ஸ்டாண்டில் வாஹித் பாஷா வண்டியைத் தள்ளிக்கொண்டு வந்தான்.

"மூணு வாரம் பக்கத்துல நின்னிருக்க," என்றான்.

"ஆமா பாய்."

"தெனம் என் டப்பாலருந்து கறி எடுத்துத் துன்னிருக்க."

"ஆமா."

"ஒரு வார்த்தை. 'பாய், அத்த வெட்டாத.' அவ்ளோதான். வாய்ல இன்னா, தையல் போட்டிருந்துச்சா?"

அவன் வண்டியை உதைத்தான். கிளம்பவில்லை.

"படம் பரவால்ல. அந்த மூணாவது கல்லுதான் கோணலா இருக்குது."

"அவங்க வச்சதே கோணலாத்தான்."

அவன் சிரிக்கவில்லை. போய்விட்டான்.

வியாழக்கிழமை வேலை இல்லாததால் முதல்முறையாக ஒரு அடிக்கல் விழாவை நேரில் பார்க்க முடிந்தது. ஆற்றங்கரையில் பந்தல். பழைய கற்கள் நான்கையும் சாக்குப் போட்டு மூடியிருந்தார்கள். அமைச்சர் அந்த ஷூவில்தான் வந்திருந்தார். மணலில் இறங்கும்போது இடது கால் வலது காலைவிடச் சுகமாக நடப்பது போலத்தான் எனக்குப் பட்டது. கல்லை வைத்தார். பாலம் பதினெட்டு மாதத்தில் முடியும் என்றார். நான்காவது கல்லின்போதும் பதினெட்டு மாதம்தான்.

மேடையில் பதினோரு நாற்காலி. வலது ஓரக் கடைசியில் பதினேழாவது வார்டு கவுன்சிலர் உட்கார்ந்திருந்தார். அவர் வார்டு ஆம்பூர் டவுனில். ஆற்றுக்கும் அவருக்கும் சம்பந்தமே இல்லை. போன வாரம் வரை ஏன் கூப்பிடவில்லை, இந்த வாரம் ஏன் கூப்பிட்டார்கள் என்று அவருக்குத் தெரிந்திருக்க வாய்ப்பில்லை. யார் பேசினாலும் கைதட்டினார். ஒருமுறை அமைச்சர் அவர் பக்கம் திரும்பித் தலையாட்டியபோது எழுந்தே நின்றுவிட்டார். செல்வகுமார் மேடைக்குப் பின்னாலிருந்து என்னைப் பார்த்தார். பார்த்ததாகக் காட்டிக்கொள்ளவில்லை. ஒன்பது வருடத்தில் என் படங்களால் அரசாங்கத்தில் நடந்த மாற்றம் என்று கையால் தொட்டுக் காட்டக்கூடியது அந்த ஒரு நாற்காலிதான். அதை நான் வரைந்ததால் எடுத்தார்கள். நான் ஒப்புக்கொண்டதால் போட்டார்கள்.

அந்த வாரம் பத்திரிகைக்குப் படம் அனுப்பவில்லை. ஆசிரியர் போன் செய்தார். ஐந்து கல் படம் இனி போட முடியாது, அது செய்தி ஆகிவிட்டது என்றேன். ஆறு போடுங்களேன் என்றார். யோசித்துச் சொல்கிறேன் என்று வைத்துவிட்டேன்.

சஸ்பெண்ட் முடிந்து வேலைக்குப் போனேன். பஸ் வழக்கம்போல் சுற்றிக்கொண்டுதான் போனது. காலை முழுக்க வாஹித் பாஷா பேசவில்லை. நானும் பேசவில்லை. மதியம் மணி அடித்தபோது என் மேஜையில் ஒரு ஓரத்துண்டு மிஞ்சியிருந்தது. டங் டை அடங்குகிற அளவுதான். அவன் கையை நீட்டி அதை எடுத்தான். பையிலிருந்து கண்ணாடியை எடுத்து மாட்டிக்கொண்டான். துண்டைத் திருப்பினான். டேனரிக்காரர்களின் எண் ஒன்று, அம்புக்குறி ஒன்று. வேறு எதுவும் இல்லை.

"இன்னா," என்றான், "இன்னிக்கு ஒண்ணும் இல்லையா?"

"இல்ல பாய்."

டையை வைத்து வெட்டி, முத்திரையைக் குத்தினான். பிறகு சோற்று டப்பாவை எடுத்து, இரண்டு மேஜைக்கும் நடுவில் வைத்துத் திறந்தான்.