சாகாத கடலைச் செடிகள்

விடியலில் ஆள் கணக்கெடுக்கும் பெரட்டுக்குத் தப்பு கொட்டும் முன்பே கடலைக்கொல்லையில் குனிந்து நின்றோம். தொட்ட செடியெல்லாம் கையோடு வந்தது. வேர் கறுத்து நசநசவென்று அழுகியிருந்தது. தண்டடியில் வெள்ளைப் பூசணம். இடுப்பு விட்டுப்போயிற்று. இனிமேல்தான் பால்மரம் சீவப் போக வேண்டும்.

ரப்பர் விலை விழுந்து கூலியை அறுத்தபோது, மலாயாவில் கிள்ளான் பக்கத்து எங்கள் தோட்டத்துத் துரை, நாங்கள் குடியிருக்கும் லயத்துக்குப் பின்னால் இருந்த பள்ளத்தைக் காட்டி, "பயிர் வெச்சுச் சாப்பிடு" என்றார். அன்றிலிருந்து பாதி வயிறு கடலைதான். செடி அழுகியதில் தப்பு எங்களுடையதும்தான். போகத்துக்குப் போகம் திரண்ட காயை அவித்துத் தின்றோம், சூம்பியதை விதைக்கு வைத்தோம். பசித்த வயிறு வேறென்ன செய்யும்?

இப்போது பவுனம்மாள் பாத்தியில் மட்டும் கொஞ்சம் செடி பச்சையாக நின்றது. புருஷனைக் காய்ச்சலுக்குப் பறிகொடுத்தவள், மூன்று பிள்ளைகள்.

விவசாய இலாகாக்காரர் நேற்று வந்து பார்த்துவிட்டுச் சொல்லியிருந்தார்: "சீக்கு மண்ணுலயே நிக்கிற செடி இது. தின்னுடாம விதைக்கு வைங்க. அதுலயும் எது நிக்குதோ, அதுல விதை எடுங்க. நாலஞ்சு போகத்துல தேறிடலாம்."

நாங்கள் அந்தப் பேச்சை எடுத்ததும், "அதுவரைக்கும் எம்பிள்ளைங்க காத்தையா குடிக்கும்?" என்றாள் பவுனம்மாள். கோபமில்லை, அலுப்புதான். எங்களுக்கு வெட்கமாக இருந்தது.

எங்களில் ஒருவனான நாகையா மெல்லச் சொன்னான்: "வீட்டுக்கு ஒரு பிடி அரிசி ஒங்க ஒலைக்கு வரும்க்கா. விதை எல்லாருக்கும்."

"ஒங்க வீட்டுல இருக்கா?"

"இல்லதான். இருக்கிறதுல ஒரு பிடி."

அவள் முந்தானையால் முகத்தைத் துடைத்துக்கொண்டு, சரி என்றாள்.

அதற்குள் துரை வந்துவிட்டார், பின்னால் கங்காணி.

"இந்தச் சீக்கு என் மரத்துக்கு வரும். எல்லாத்தையும் கொத்திக் கொளுத்து. நிலத்தை விட்டுடு."

"செத்ததைக் கொளுத்துறோம் துரை. நிக்கிறது விதை" என்றான் நாகையா.

"உனக்குச் சோறு போடறது நானா, கடலையா?"

"கூலியை அறுத்ததுலேர்ந்து கடலைதான் துரை."

கங்காணி மண்வெட்டியை நீட்டினார். நாகையா வாங்கவில்லை. பக்கத்தில் நின்ற வள்ளியம்மாவும் வாங்கவில்லை. ஒவ்வொருவரிடமும் நீட்டிப் பார்த்து, கடைசியில் அவரே வைத்துக்கொண்டு நின்றார்.

"கொத்தாதவன் லயத்தைக் காலி பண்ணணும்" என்றார் துரை.

"எல்லாருமா துரை?" என்று கேட்டாள் பவுனம்மாள்.

அவர் திரும்பி நடந்தார், கங்காணியும் பின்னால் போனார். இனி ஆள் கூட்டி வருவார், போலீசும் வரலாம். பயம் எங்களுக்கு இல்லாமலில்லை. பவுனம்மாள் பாத்தியோரம் உட்கார்ந்தாள். ஒவ்வொருவராகப் போய் அவளைச் சுற்றி உட்கார்ந்தோம்.

"நெருங்கி உக்காருங்க" என்றாள். "செடி மிதிபடாம."